குப்பைத் தொட்டிக் கெமிஸ்ட்ரி

2013-இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் ஆட்டத்துக்கு டிக்கெட் வேண்டுமென்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அலுவலகத்தில் யாராவது நாலு டிக்கெட்டைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி மேசையில் வைத்துவிட்டு, "குடும்பத்தோட போயிட்டு வாங்க" என்று நழுவிவிடுவார்கள். போனால், நாற்பதாயிரம் பேருக்கு மேல் கொள்ளும் அரங்கில் வரிசைக்கு ஒருவராக உட்காரலாம். ஹூஸ்டன் வெயிலுக்குக் கூரையை மூடி ஏசி போட்டிருப்பார்கள். வந்தவர்களில் பலர் அதற்காகவே வந்தவர்கள் என்பது என் கணிப்பு.

மைதானத்தில் நடந்ததை பேஸ்பால் என்று சொல்லப் பெரிய மனசு வேண்டும். 162 ஆட்டங்களில் 111 தோல்வி. முந்தின வருஷம் 107, அதற்கும் முந்தி 106. சீசனின் கடைசி 15 ஆட்டங்களை வரிசையாகத் தோற்றார்கள். செப்டம்பரில் ஜோனதன் வில்லார் என்ற இளைஞர் இரண்டாம் பேஸை நோக்கித் தலை முன்னால் போகப் பாய்ந்து, அங்கே நின்ற சின்சினாட்டி வீரர் பிராண்டன் பிலிப்ஸின் பின்புறத்தில் முகம் புதைத்தார். அந்த வருஷம் நாடு முழுக்கப் பார்த்து ரசித்த ஆஸ்ட்ரோஸ் காட்சி அது ஒன்றுதான். அதே மாதம் ஓர் ஆட்டத்துக்கு ஹூஸ்டனில் டி.வி. ரேட்டிங் 0.0. பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் ஆட்டத்தைக் காட்டிய சேனலே வராது என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். வந்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்பது வேறு விஷயம்.

எங்கள் அலுவலகத்தில் பாளையங்கோட்டைக்காரர் ஒருவர் உண்டு. டேட்டா வேலை. எல்லாருக்கும் அண்ணாச்சி. "தம்பி, இவனுவ தோக்கானுவன்னு நினைக்காத. தோத்துக் காட்டுதானுவ" என்று அவர்தான் எனக்கு விளங்க வைத்தார். 2011 கடைசியில் அணியை வாங்கிய ஜிம் கிரேன், மெக்கின்சியில் ஆலோசகராக இருந்த ஜெஃப் லூனோவை ஜெனரல் மேனேஜர் ஆக்கினார். லூனோ, நாசாவில் வேலை பார்த்த சிக் மெஜ்டலைக் கூட்டிவந்தார். பெரிய சம்பளம் வாங்கும் மூத்த வீரர்களையெல்லாம் விற்றார்கள். 2013 தொடக்கத்தில் மொத்த அணியின் சம்பளம் சுமார் 2.6 கோடி டாலர். நியூயார்க்கில் அலெக்ஸ் ரோட்ரிகஸ் தனியொருவராக அதைவிட அதிகம் வாங்கிக்கொண்டிருந்தார். அப்போதெல்லாம் கடைசி இடத்தில் முடிக்கிற அணிக்கு, புது வீரர்களைப் பங்கிடும் அடுத்த வருஷ டிராஃப்டில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. ஆகவே ஒவ்வொரு தோல்வியும் ஒரு சேமிப்பு.

"சரி அண்ணாச்சி, இத்தனை சின்னப் பசங்களைச் சேர்த்தா ஒட்டுமா? டீம் கெமிஸ்ட்ரின்னு சொல்றாங்களே?"

"எக்செல்ல அதுக்கு ஒரு கட்டம் உண்டா? இல்லேல்லா. அப்ப அப்படி ஒண்ணு கிடையாது."

சேமிப்பின் லட்சணத்தையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். 2013-இல் முதல் ஆளாக மார்க் அப்பெலை எடுத்தார்கள். அவர் ஹூஸ்டனுக்கு ஒரு பந்துகூட வீசவில்லை. அடுத்த இடத்தில் சிகாகோ கப்ஸ் எடுத்தது கிரிஸ் பிரையன்டை. 2014-இல் எடுத்த பிரேடி ஏக்கனோடு ஒப்பந்தமே படியவில்லை; அதற்கு ஈடாகக் கிடைத்த இடத்தில்தான் மறுவருஷம் அலெக்ஸ் பிரெக்மன் வந்தார். ஜே.டி. மார்ட்டினஸை 2014 மார்ச்சில் உபயோகமில்லை என்று சும்மாவே அனுப்பிவிட்டார்கள். அவர் நாட்டின் பெரிய அதிரடி பேட்டர்களில் ஒருவராகி, 2018-இல் பாஸ்டன் சட்டையில் வந்து ஹூஸ்டனை வீட்டுக்கு அனுப்பினார். அணியின் ஆகச் சிறந்த வீரர் ஹோசே அல்டூவே இந்தத் திட்டத்தில் வந்தவரே இல்லை. வெனிசுவேலாவில் தேர்வுக்கு வந்தபோது குள்ளம் என்று திருப்பி அனுப்பி, மறுபடி வந்து நின்றவரை 15,000 டாலருக்கு எடுத்தது பழைய நிர்வாகம். அண்ணாச்சியிடம் இவை எல்லாவற்றுக்கும் விளக்கம் இருந்தது. "சாம்பிள் சைஸ் பத்தாது தம்பி."

2014 ஜூனில் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகை ஆஸ்ட்ரோஸ் வீரர் ஜார்ஜ் ஸ்பிரிங்கரை அட்டையில் போட்டு, 2017 உலகத் தொடர் சாம்பியன் இவர்கள்தான் என்று எழுதியது. ஊரே சிரித்தது.

2017 வந்தது. அதற்கு முந்தின குளிர்காலத்தில் எக்செல்காரர்களே பிரையன் மெக்கான், கார்லோஸ் பெல்ட்ரான் என்று மூத்தவர்களைத் தேடிப் பிடித்தார்கள். நாற்பது வயதைத் தொட்டுக்கொண்டிருந்த பெல்ட்ரானுக்கு ஒரு வருஷத்துக்கு 1.6 கோடி டாலர். அவர் அடித்த ரன்களுக்கு அது கட்டுபடியாகாது. ஆனால் அவர் ஓய்வறையில் இளைஞர்களை உட்கார வைத்து எதிரணிப் பிட்சர்களின் வீடியோவைப் பாடம் நடத்தினார். ஜூலையில் ஒருநாள், அவர் ஃபீல்டிங் செய்தே வெகுநாளாயிற்று என்று அவருடைய கையுறைக்கு மைதானத்தில் இறுதிச் சடங்கு நடத்தினார்கள், மெக்கான் பாதிரியார். அந்த வீடியோவை அண்ணாச்சி எனக்கு அனுப்பினார். "பாத்தியா, குடும்பமால்லா இருக்கானுவ! இதான் தம்பி கெமிஸ்ட்ரி." எக்செல்லில் எந்தக் கட்டத்தில் போட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. ஆகஸ்டில் ஹார்வி புயல் ஊரை மூழ்கடித்தது. மாதக் கடைசி இரவில் பிட்சர் ஜஸ்டின் வெர்லாண்டர் வந்து சேர்ந்தார். நவம்பர் 1-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸில் ஏழாவது ஆட்டத்தில் டாட்ஜர்ஸை வென்றபோது அண்ணாச்சி அழுதார். பென் ரைட்டர் 'ஆஸ்ட்ரோபால்' என்று புத்தகமே போட்டார். அதில் பெல்ட்ரானின் கெமிஸ்ட்ரிக்குத் தாராளமாக இடம் உண்டு.

இரண்டு வருஷம் கழித்து, 2019 நவம்பரில், பழைய பிட்சர் மைக் ஃபயர்ஸ் வாயைத் திறந்தார். அந்தக் கெமிஸ்ட்ரியின் செய்முறை அப்போதுதான் வெளியே வந்தது. சென்டர் ஃபீல்ட் கேமரா, எதிரணி கேட்சர் தன் பிட்சருக்குக் காட்டும் விரல் சைகையைப் பிடிக்கும். டக்அவுட்டுக்குப் பின்னாலிருக்கும் வழியில் ஒரு மானிட்டர். சைகையைப் படித்து, வேகம் குறைந்த பந்தோ வளையும் பந்தோ என்றால் பேட்டருக்குக் கேட்கும்படி குப்பைத் தொட்டியில் மட்டையால் 'டம்' என்று அடிப்பார்கள். சத்தமில்லையென்றால் வேகப்பந்து. இது வீரர்களின் ஏற்பாடு. நிர்வாகத்தின் பக்கம் 'கோட்பிரேக்கர்' என்று ஓர் எக்செல் செயலி தனியாக ஓடிக்கொண்டிருந்தது. ஆக, அண்ணாச்சி கேட்ட கட்டம் எக்செல்லில் இருக்கத்தான் செய்தது.

நானும் அந்த வருஷம் அரங்கில் உட்கார்ந்திருந்தவன்தான். அத்தனை கூச்சலில் தொட்டிச் சத்தம் யாருக்குக் கேட்கும்? 2013-இல் அடித்திருந்தால் வெளியே பார்க்கிங்கில் நின்றவருக்கும் கேட்டிருக்கும். ஒரு ஹூஸ்டன் ரசிகர் பிறகு 8,000-க்கு மேற்பட்ட பந்துகளின் வீடியோவைப் போட்டுப் பார்த்து 1,100-க்கும் அதிகமான 'டம்'களை எண்ணினார். ஒருவர் திரையைப் பார்க்க, ஒருவர் தட்ட, ஒருவர் அடிக்க, எதிரணி திரும்பினால் எல்லாருமாகச் சேர்ந்து மறைக்க, இதைவிட ஒத்துப்போன ஓர் அணியை நான் கண்டதில்லை. மேனேஜர் ஏ.ஜே. ஹின்ச் மட்டும் இதில் ஒட்டவில்லை. பிடிக்காமல் இரண்டு தடவை மானிட்டரை உடைத்தார். நிறுத்துங்கள் என்று மட்டும் சொல்லவில்லை. வேறு மானிட்டர் வந்தது.

2020 ஜனவரியில் லீகின் தீர்ப்பு. லூனோவுக்கும் ஹின்சுக்கும் ஒரு வருஷத் தடை; அன்றே இருவரையும் கிரேன் வேலையை விட்டு நீக்கினார். 50 லட்சம் டாலர் அபராதம். அதோடு இரண்டு வருஷங்களின் முதல் இரு சுற்று டிராஃப்ட் உரிமைகள் போயின. எதைச் சேர்க்க அத்தனை ஆட்டம் தோற்றார்களோ அதையே பறித்தார்கள். உண்மையைச் சொன்னால் தண்டனை இல்லை என்ற உறுதியின்பேரில் வீரர்களுக்கு ஒன்றுமில்லை. இதில் ஈடுபட்டதாக விசாரணை அறிக்கை பெயர் சொன்ன ஒரே வீரர் பெல்ட்ரான். நியூயார்க் மெட்ஸின் புது மேனேஜராக அமர்ந்திருந்தவர் ஒரு ஆட்டம்கூட நடத்தாமல் இறங்கினார். இதே ஆஸ்ட்ரோஸின் கணினிக்குள் நுழைந்து டேட்டா திருடிய செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அதிகாரிக்கு 2016-இல் 46 மாதச் சிறை கிடைத்திருந்தது. எதைத் திருடுகிறோம் என்பதிலும் ஒரு சாமர்த்தியம் வேண்டும்.

"எல்லாவனும் செய்யுததுதான்" என்றார் அண்ணாச்சி. கொஞ்ச நாள் ஆஸ்ட்ரோஸ் தொப்பி போடாமல் வந்தார். 2021-இல் அனஹைமில் ரசிகர்கள் மைதானத்துக்குள் குப்பைத் தொட்டியை வீசியபோது மறுபடி போட்டுக்கொண்டார். நாட்டுக்கே ஆகாதவர்களாகிவிட்ட பிறகு அணி முன்னைவிட இறுகிப்போனது வேறு கதை. 2022-இல் 73 வயது டஸ்டி பேக்கரின் கீழ் மறுபடி சாம்பியன். 2017-இல் ஆடியவர்கள் அதில் ஐந்தே பேர். அந்தக் கோப்பைக்கான கெமிஸ்ட்ரியை யாரும் புத்தகமாகப் போட்டதாகக் கண்ணில் படவில்லை.

இப்போது பிரெக்மன் இல்லை, ஸ்பிரிங்கர் எப்போதோ போனார், கைல் டக்கரை விற்றாயிற்று. 2025 ஜூலைக் கடைசியில் 2017 அணியின் கார்லோஸ் கொரேயாவைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பழைய ஒற்றுமை திரும்பும் என்று ஊரில் பேச்சு. ஆனால் அந்த சீசனில், 2016-க்குப் பிறகு முதல் தடவையாகப் பிளேஆஃப் கிடைக்கவில்லை. டிக்கெட் என்னவோ இன்னும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

ஹூஸ்டனைப் பார்த்துப் பல ஊர்கள் தோற்கக் கற்றுக்கொண்டதால் வீரர் சங்கத்தோடு போட்ட 2022 ஒப்பந்தத்தில் டிராஃப்டுக்குக் குலுக்கல் முறை வைத்துவிட்டார்கள். சிகாகோ ஒயிட் சாக்ஸ் 2024-இல் 121 ஆட்டங்கள் தோற்றது. 1900-க்குப் பிறகு யாரும் ஒரே சீசனில் அத்தனை தோற்றதில்லை. ஆனால் பெரிய ஊர் அணி அடுத்தடுத்த இரண்டு வருஷம் குலுக்கலில் இடம்பெறக் கூடாதென்பது விதி. முந்தின வருஷமே இடம்பெற்றுவிட்டதால் சிகாகோவுக்குக் கிடைத்தது பத்தாவது இடம். அண்ணாச்சிக்கு அது சிகாகோவின் கவலையாகப் படவில்லை.

"அத்தனையும் தோத்தும் பத்தாமிடமா? அநியாயம்லா தம்பி!"