இரண்டு முழம் மல்லிகையின் ஆயுள் நீட்டிப்பு: ஓர் இல்லற ஆய்வு

ஆய்வுப் பொருளை முதலில் வரையறுத்துக்கொள்வது மரபு. இந்தக் கட்டுரையில் பூ என்றால் நாரில் கட்டிய குண்டுமல்லி. வாடாமை என்றால், இன்று சாயங்காலம் வாங்கிய இரண்டு முழம் நாளைக் காலை முகூர்த்தத்துக்குக் கிளம்பும்போது தலையில் வைக்கும் தகுதியோடு இருத்தல். தகுதியை அளக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. வீட்டுப் பெரியவர் ஒருவர் சரத்தைத் தூக்கிப் பார்த்து, "ம், பரவாயில்லை" என்றால் தகுதி உண்டு. ஒன்றும் பேசாமல் கீழே வைத்துவிட்டால் இல்லை. மேல்முறையீட்டுக்கு இடமில்லை.

இத்துறையில் முன்னோர் செய்த பணி குறைவு. முகர்ந்தாலே அனிச்சம் வாடிவிடும் என்ற தகவலை வள்ளுவர் விருந்தோம்பல் அதிகாரத்தில் பதிவுசெய்திருக்கிறார். வாடாமல் இருக்க என்ன செய்யலாம் என்று சொல்லவில்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை மூச்சுவிடாமல் அடுக்குகிறார். அவற்றில் ஒன்றைக்கூட மறுநாளைக்கு எடுத்துவைக்கும் முறை அந்தப் பாட்டில் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. வாசல் தாண்டினால் மலையே பூத்துக் கிடக்கிறவர்களுக்கு மறுநாள் கவலை வர நியாயமில்லை. சிக்கல், இரண்டாம் மாடிக் குடியிருப்பும் காலை ஆறு மணி முகூர்த்தமும் சேர்ந்தபோது பிறந்தது.

வெளிநாட்டில் நிலைமை வேறு. அங்கே பூவைக் காப்பது பெரிய வியாபாரம், ஆகவே பெரிய விஞ்ஞானம். ஆனால் அந்த விஞ்ஞானம் முழுவதும் காம்பைச் சுற்றியே நடக்கிறது. செடியிலிருந்து வெட்டிய கணத்தில் காம்பின் நுண்குழாய்களில் காற்று புகுந்து அடைத்துக்கொள்ளும். அதனால் காம்பைத் தண்ணீருக்குள் பிடித்தபடியே நுனியை மறுபடி சாய்வாக வெட்ட வேண்டும். ஜாடிக்குள் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிட வேண்டும். விட்டால் அவை அழுகும், பாக்டீரியா பெருகும், குழாய் மறுபடி அடையும். பிறகு சாப்பாடு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, அரைத் தேக்கரண்டி பிளீச். சர்க்கரை பூவுக்கு, புளிப்பு தண்ணீர் சுலபமாக ஏறுவதற்கு, பிளீச் கிருமிக்கு. சோம்பேறிகள் இனிப்பு லெமன் சோடாவையே கொஞ்சம் கலந்து ஊற்றிவிடுகிறார்கள். சர்க்கரையும் புளிப்பும் அதிலேயே இருக்கின்றன. நம் ஊரில் இதைச் செய்ய விரும்புகிறவர்கள் பெட்டிக்கடைக்காரரிடம் உப்புப் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஜாடியில் செப்புக்காசு போடு என்றும் ஒரு பழைய குறிப்பு உலவுகிறது. இன்று நம் சட்டைப்பையில் கிடக்கும் ஒரு ரூபாய் துருப்பிடிக்காத எஃகு. அதைப் போட்டால் பூவுக்கு லாபம் இல்லை, ஜாடிக்கு ஒரு ரூபாய் லாபம்.

ரிசப்ஷன் மேடையில் ஜெர்பராவும் கார்னேஷனும் குத்தி நிற்கும் பச்சை நுரைக்கட்டியும் காம்புக் கலாச்சாரத்தின் குழந்தைதான். 1954இல் அமெரிக்காவின் வெர்னான் ஸ்மிதர்ஸ் அதை உருவாக்கினார். அதை ஊறவைப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. தண்ணீர்மேல் மிதக்கவிட்டு, தானாகக் குடித்துத் தானாக மூழ்கும்வரை காத்திருக்க வேண்டும். அவசரத்தில் கையால் அமுக்கினால் நடுவில் காற்று தங்கிவிடும். மணமக்கள் மேடையேறும் நேரத்தில் ஏழெட்டுப் பூ மட்டும் தலை தொங்கி நின்றால், டெக்கரேஷன்காரப் பையன் ஒருவன் மதியம் அவசரப்பட்டிருக்கிறான் என்று கொள்க.

இந்த நூல்களையெல்லாம் மல்லிகையிடம் படித்துக் காட்டிப் பயனில்லை. அதற்குக் காம்பு என்று சொல்லத்தக்கது, பச்சைப் புல்லிக்குக் கீழே நகத்தில் கிள்ளிய ஒரு துணுக்கு. இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், குறுக்கே ஈர வாழைநாரில் ஒரு சுற்று, ஒரு சுண்டு. அந்தத் துணுக்கும் சுருக்குக்குள் போய்விடுகிறது. சாய்வாக வெட்ட இடமில்லை, குடிக்க வாயில்லை. செடியை விட்டு வரும்போது உடம்பில் எவ்வளவு தண்ணீர் இருந்ததோ அதுதான் மிச்ச ஆயுளுக்கும். பென்ஷன் இல்லாமல் ஓய்வுபெற்றவரின் நிலைமை.

இங்கேதான் இவ்வாய்வின் மையக் கருதுகோள் வருகிறது. மல்லிகையை விடிகாலையில், வெளுத்து முதிர்ந்த, ஆனால் விரியாத மொட்டாகப் பறிக்கிறார்கள். பிஞ்சாகப் பறித்தால் அது கடைசிவரை விரியாது. முதிர்ந்த மொட்டு அன்று இருட்டியதும் விரிந்து வாசனையை விடத் தொடங்கும். விரிந்தபின் மறுநாள் மதியத்துக்குள் ஓரம் பழுப்பேறும். ஆக, பூவின் கடிகாரம் ஓடத் தொடங்குவது விரிவதில். வாடாமல் வைப்பது எப்படி என்ற கேள்வி காம்புள்ள நாட்டின் கேள்வி. நம்முடையது, விரிவதை எவ்வளவு நேரம் தள்ளிப்போடலாம் என்பது.

2013இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் உண்டு. என்றாலும் இந்தக் கருதுகோளை முதலில் முன்வைத்த பெருமை கோயில் வாசலில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் அக்காவைத்தான் சேரும்.

"பாதி விரிஞ்சிருக்கே அக்கா, எனக்கு நாளைக்குக் காலையில வேணும்."

"நாளைக்கா? அத மொதல்லயே சொல்ல வேணாமா தம்பி!"

கூடையின் மேலே கிடந்த பந்தை ஒதுக்கிவிட்டு, ஈரச் சாக்குக்கு அடியில் கைவிட்டு வேறொரு பந்தை எடுத்தார். முழங்கையிலிருந்து விரல்நுனி வரை இரண்டு முறை அளந்து நாரை அறுத்தார். "இது முழு மொட்டு. குளுமையில வச்சா விரியாது. தண்ணி கிண்ணி தெளிச்சுப்புடாதீங்க, கறுத்துப்போகும்."

மூன்று சிறிய வாக்கியங்களில் தாவரவியல் முடிந்தது. இதையே ஆய்வேடாக எழுதினால் முன்னுரைக்கே முப்பது பக்கம் ஆகும்.

இனி ஃபிரிட்ஜ். தமிழ் வீடுகளில் இது குறித்து மூன்று சம்பிரதாயங்கள் நிலவுகின்றன. ஒன்றுக்கொன்று சம்பந்தம் வைத்துக்கொள்வதில்லை. எவர்சில்வர் டப்பாச் சம்பிரதாயத்தார் பூவை உள்ளே போட்டு மூடியை அழுத்தி மூடுவார்கள். உள்ளிருக்கும் ஈரம் குளிர்ந்து மூடியின் உட்புறத்தில் முத்து முத்தாகக் கோத்து, இரவு முழுக்க மொட்டின்மேல் சொட்டும். சொட்டு விழுந்த இடத்தில் விடியும்போது பழுப்புப் புள்ளி. பிளாஸ்டிக் கவர்க்காரர்களுக்கும் இதே கதி. கூடுதலாகக் கவர் கசங்கி மொட்டும் நசுங்கும். ஈரத்துணிச் சம்பிரதாயமே பழையது. ஃபிரிட்ஜ் வராத காலத்தில் இதே துணி மண்பானையின் மேல் கிடந்தது. ஈரம் ஆவியாகிற குளிர்ச்சியில் பூ இரவைக் கடத்தியது. நுட்பம் எல்லாம் பிழிவதில் இருக்கிறது. துணியை முறுக்கிப் பிழிந்தால் ஒரு சொட்டும் விழக்கூடாது, கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும். அதில் பூவைத் தளர்வாகச் சுற்றி, அதற்குமேல் ஒரு துண்டு வாழையிலை. நான் இந்தக் கட்சி. நடுநிலை வகிப்பதாகப் பாசாங்கு செய்யவில்லை.

எங்கே வைப்பது என்பது அடுத்த வழக்கு. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் உறைபெட்டியை ஒட்டி வைத்தால் மொட்டுக்குள் இருக்கும் நீரே உறைந்து உயிரணுக்களைக் கிழித்துவிடும். காலையில் எடுத்தால் கண்ணாடிபோல் பளபளக்கும். பார்த்துச் சந்தோஷப்படுவதற்குள் தொளதொளத்துப் பழுப்பாகும். சரி, கீழே காய்கறித் தட்டில் வைக்கலாம் என்றால், அங்கே ஆப்பிளும் சப்போட்டாவும் கொய்யாவும் இருக்கின்றன. பழுக்கும் பழம் எத்திலீன் என்ற வாயுவை விடும். பழத்தைப் பழுக்கவைக்கும் அதே வாயு பூவுக்கு முதுமையைக் கொடுக்கும். 1901இல் நெல்யுபோவ் என்ற ரஷ்யர், ஆய்வகத்து விளக்கு வாயுவில் கலந்திருந்த எத்திலீனால் பட்டாணி நாற்றுகள் கோணலாக வளர்வதைக் கண்டுபிடித்தார். பழுக்கும் ஆப்பிளே அதை வெளிவிடுகிறது என்று 1934இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேன் நிறுவினார். தாம்பூலத் தட்டில் நாம் வெற்றிலை பாக்கோடு பழத்தையும் பூவையும் அக்கம்பக்கமாக வைக்கிறோம். விஞ்ஞானப்படி அவை ஜென்மப் பகை. தாம்பூலம் கையோடு கொடுத்து அனுப்புவதற்கே தவிர, எடுத்துவைப்பதற்கு அல்ல என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

பூவை ஃபிரிட்ஜ் கெடுப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் எதிர்த்தரப்புக்கு அநியாயம். பூவும் ஃபிரிட்ஜைக் கெடுக்கும். மலர்ந்த மல்லிகையைத் திறந்துவைத்த வீட்டில் மறுநாள் காபியில் கல்யாண வீட்டு வாசனை அடிப்பதை அறியாதவர் இல்லை. "பால்ல என்னமோ வாடை" என்று மாமனார் தம்ளரை நகர்த்தும்போது அவருக்குத் தெரியாமல் இரண்டு உலகத் தொழில்நுட்பங்கள் அவர் மூக்கின்கீழ் நடந்திருக்கின்றன. சீனாவின் ஃபூச்சோ பகுதியில் இதே மல்லிகையின் மொட்டைப் பகலில் வாங்கி, இரவில் அது விரியும் நேரத்தில் தேயிலையோடு கலந்து கிடத்தி, வாசனையைத் தேயிலைக்கு ஏற்றுகிறார்கள். மல்லிகைத் தேநீர் என்பது அதுதான். பிரான்சின் கிராஸ் ஊரிலோ, நம் பிச்சிப்பூ வகை மல்லிகையைக் கண்ணாடிச் சட்டத்தில் தடவிய கொழுப்பின்மேல் பரப்பிவைத்து, கொழுப்பு வாசனையை உறிஞ்சியபின் அத்தர் எடுத்தார்கள். கொழுப்பு வாசனையைப் பிடித்துவைக்கும் என்பதே தத்துவம். நம் வீட்டில் அந்த வேலையைப் பாலாடை செய்கிறது. அத்தர் மட்டும் யாரும் எடுப்பதில்லை. எப்படியானாலும், பாலுக்கு மூடி போடுவது ஆய்வுக்கு வெளியே உள்ள விஷயம் என்றாலும் குடும்ப அமைதிக்கு நல்லது.

ஏற்றுமதிக்காரர்களின் முறையும் உண்டு. சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் விமானம் ஏறும் மொட்டு, பனிக்கட்டிப் பொட்டலங்களோடு தெர்மோகோல் பெட்டியில் போகிறது. மொட்டைப் போரிக் அமிலக் கரைசலில் நனைத்து எடுக்கும் வழியை வேளாண் ஆராய்ச்சியாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். போரிக் அமிலம் வேறொன்றுமில்லை, கேரம் போர்டில் தூவும் பவுடர்தான். ஆகவே ஒவ்வொரு வீட்டுப் பரணிலும் ஓர் ஏற்றுமதி நிலையம் தூங்குகிறது என்று முடிவுகட்ட வேண்டாம். குழந்தைகள் கைவைக்கும் சரத்தில், தோசை மாவுக்குப் பக்கத்தில் இருக்கும் சரத்தில், அந்தப் பரிசோதனை கூடாது.

தலையில் ஏறியபின் நடப்பதை இவ்வாய்வு மேலோட்டமாகவே தொட முடிந்தது. "எனக்கு உஷ்ண உடம்பு, பூ நிக்கவே நிக்காது" என்பது வழக்கிலுள்ள கொள்கை. உடம்புச் சூடு படப் படப் பூவிலிருந்து ஈரம் வேகமாகப் போகும் என்பதில் சந்தேகமில்லை. ஒருவர் உடம்பு இன்னொருவருடையதைவிட உஷ்ணமா என்பதை நிறுவ, ஒரே சரத்தை இரண்டாக நறுக்கி இருவர் தலையில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே வீட்டில் இருவருக்கு ஒரே அளவு பூ நறுக்கிக் கொடுத்த ஆண்மகன் எவரும் அதன்பின் ஆய்வைத் தொடரும் நிலையில் இருந்ததில்லை.

ஒப்பீட்டுக்குக் கனகாம்பரத்தை எடுத்துக்கொள்ளலாம். ஃபிரிட்ஜ் இல்லாமலே இரண்டு மூன்று நாள் அசராமல் நிற்கும், வாசனை கிடையாது. நாள்கணக்கில் ஜாடியில் நிற்கும் ஓசூர் ரோஜாவை மூக்கில் வைத்துப் பார்த்தவர்களுக்கும் இது புரியும். வாசனையும் ஆயுளும் ஒரே பையிலிருந்து செலவாகின்றன என்று சந்தேகிக்க இடமிருக்கிறது. சாமிக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. நேற்றைய பூ பூஜைக்கு ஆகாது. பழையது என்ற தோஷத்திலிருந்து விலக்குப் பெற்றவை வில்வம், துளசி போன்ற சிலதான். ஆகவே ஃபிரிட்ஜ் மல்லிகைக்கு உரியது கூந்தல் மட்டுமே. சாமி படத்துக்கு வேண்டியதைக் காலையில் தனியாக வாங்கிவிடுவது நல்லது.

விலையைச் சொல்லாமல் முடிக்க முடியாது. மார்கழி, தை மாதங்களில் பனியால் வரத்து சுருங்கி, மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தையில் கிலோ மல்லிகை ஆயிரங்களில் போகும். கோடையில் பூ குவிந்து, மிஞ்சியது வாசனைத் திரவிய ஆலைகளுக்குப் போகும். தையில் கிராம் கிராமாக எண்ணி வாங்குகிறோம். ஆகவே உதிரிப்பூ விற்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் இவ்வாய்வாளரின் பணிவான விண்ணப்பம்: கூடையில் தண்ணீர் தெளிப்பதைத் தயவுசெய்து எடை போட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.