பூட்ஸ் போட்ட கிரிவலம்

ஏலே பேராண்டி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆக்லாந்துல காரை எடுத்து, சனி ஞாயிறுக்குள்ள டோங்காரிரோ எரிமலைப் பாதையைச் சுத்தி முடிச்சிட்டு, திங்கக்கிழமை காலையில ஆபீஸ்ல நிப்பேன்னு சொன்னீல்லா? தாராளமாப் போயிட்டு வா. அந்த மலை 2 லட்சம் வருஷத்துக்கு மேலா உனக்காகத்தான் உக்காந்திருக்கு. உன்னால ரெண்டு நாள்தான் குடுக்க முடியும்னு தெரிஞ்சா, அதுவும் கொஞ்சம் அனுசரிச்சுக்கிடும்.

கெழவனுக்கு என்ன தெரியும்னு சிரிக்காதே. நான் அங்க உங்க அத்தை வீட்டுல இருக்கையில, அவ என்னையும் பாதை ஆரம்பிக்குத ஃபகபாபா ஊருக்குக் கூட்டிட்டுப் போனா. முழங்கால் தாங்குன மட்டும், தரனாக்கி அருவி வரைக்கும் நடந்தேன். மிச்ச நேரம் பூரா பாதை முடியுற எடத்துல ஒரு பெஞ்சுல உக்காந்துட்டேன். போறவன்கிட்டப் பேச்சுக் குடுத்தா அவன் போட்ட திட்டத்தைச் சொல்லுவான். வாரவன்கிட்டக் கேட்டாத்தான் மலையைப் பத்திச் சொல்லுவான். நான் வாரவங்ககிட்ட மட்டும் கேட்டேன்.

முதல்ல கணக்கைப் பாத்துருவோம். வட்டப்பாதை மொத்தம் ஏறக்குறைய 45 கிலோமீட்டர். ஃபகபாபாவுல ஆரம்பிச்சு மாங்கடெபோபோ குடில், அப்புறம் ஓதுரேரே, அப்புறம் வைஹோஹோனு, திரும்ப ஃபகபாபா. அந்த நாட்டு இயற்கைப் பாதுகாப்புத் துறை இதுக்கு 3 நாளோ 4 நாளோ எடுத்துக்கோன்னு எழுதி வச்சிருக்கு. பாவம், அவங்களுக்கு நடக்கத் தெரியாது. நீ லிஃப்ட் ரிப்பேர்னா மூணு மாடியை மூச்சு வாங்காம ஏறி, அதைக் குடும்பக் குரூப்புல போடுதவனாச்சே. நீ முதல் நாளே 21 கிலோமீட்டர் ஏறி எறங்கி ஓதுரேரேயில படு. மறுநாள் மிச்சத்தை நடந்துட்டு, அதே காலோட நாலு மணி நேரத்துக்கு மேல காரையும் ஓட்டு. ஞாயித்துக்கிழமை ராத்திரி உன் வீட்டுப் படி ஏறுகையில எனக்கு வீடியோ கால் போடு. ஒவ்வொரு படிக்கும் நீ எந்தச் சாமியைக் கூப்பிடுதேன்னு நான் கேக்கணும்.

துணிமணிக்கு வருவோம். ஜீன்ஸே போட்டுட்டுப் போ. படத்துக்கு அதுதான் எடுப்பா இருக்கும். கோடைகாலந்தானே, மழைச்சட்டை எதுக்கு? காலையில ஏழு மணிக்கு வெயில் அடிச்சா அந்த நாள் பூரா வெயில்தான்னு அந்த மலை பத்திரத்துல எழுதிக் குடுத்திருக்கே! நான் பாத்தவரைக்கும் அப்படி நம்பிப் போன பயலுவதான் மத்தியானம் பல்லைக் கடிச்சிட்டு எறங்கி வந்தாங்க. ஜனவரியிலகூட அங்க பனி விழும்லே. பருத்தித் துணி நனைஞ்சா தண்ணியை விடாது. அந்தத் தண்ணியைக் காய வைக்க உன் உடம்புச் சூடுதான் செலவாகும். மேல காத்தும் சேந்துக்கிட்டா முதல்ல கை நடுங்கும், அப்புறம் நாக்குக் குளறும், அப்புறம் புத்தி மந்திக்கும். நல்லாத்தானே இருக்கேன்னு நீயே சாதிப்பே. இந்த மூணாவது அறிகுறியை உன்கிட்டக் கண்டுபிடிக்கத்தான் கூட வாரவனுக்குக் கஷ்டம்.

அதனால உள்ளுக்குக் கம்பளி, மேலுக்கு மழையும் காத்தும் நுழையாத சட்டை, தொப்பி, கையுறை. வெயில் அடிச்சா என்ன செய்யன்னு கேக்காதே. சும்மா சொமக்க வேண்டியதுதான். நீ சொமந்துட்டுப் போனாக் கண்டிப்பா மழை பெய்யாது.

குடிலுக்கு முன்கூட்டியே பதிஞ்சு வச்சிரு. படுக்க மெத்தை இருக்கு, போத்திக்கிட ஒண்ணும் கெடையாது. ஸ்லீப்பிங் பேக் நீதான் கொண்டு போகணும். சீசன்ல கேஸ் அடுப்பு இருக்கும், பாத்திரம் கெடையாது. அதை மறந்துட்டுப் போயி அடுத்தவன் சட்டியைப் பாத்து நிக்காதே. நம்ம ஆளுக பாத்திரம் அந்த நாட்டுல ஏற்கெனவே ஒரு தடவை பேர் வாங்கியிருக்கு. வில்லியம் கொலன்சோன்னு ஒரு பாதிரியாரு, 1830-கள்ல வடக்க ஃபாங்கரெய் பக்கம் போனப்போ, மாவோரி மக்கள் ஒரு வெண்கலச் சட்டியில உருளைக்கிழங்கு அவிச்சிட்டிருந்தாங்களாம். கவுத்துப் பாத்தா அது கப்பல் மணி. சுத்தித் தமிழ் எழுத்து, முகைதீன் பக்ஸ்னு ஒரு கப்பல்காரர் பேரு. பாதிரியாரு ஒரு இரும்புச் சட்டியைக் குடுத்து அந்த மணியை வாங்கிக்கிட்டாரு. இப்போ வெலிங்டன்ல தே பாபா அருங்காட்சியகத்துல பத்திரமா இருக்கு. எந்தக் கப்பல்ல எப்படிப் போச்சுன்னு இன்னும் தகராறுதான். ஆகமொத்தம், அந்த நாட்டுக்குத் தமிழ்ச் சாமான் போயி இருநூறு வருஷம் ஆகப்போகுது. முதல் ஆளு நான்தான்னு நெஞ்சை நிமித்தாம சட்டியை எடுத்துப் பையில வை.

இனி ஏத்தம். மாங்கடெபோபோ பள்ளத்தாக்குல நடக்கையில, இவ்வளவுதானான்னு தோணும். அப்புறம் ஒரு ஏத்தம் வரும். அதுக்குச் சாத்தான் படிக்கட்டுன்னு பேரு வச்சவன் உன்னைய முன்கூட்டியே பாத்திருக்கான். அது முடிஞ்சா தெற்குக் குழி. பேருதான் குழி, நல்ல சமதரை. மூச்சு வாங்கிக்கோ. அடுத்தது செங்குழி விளிம்பு. 1,900 மீட்டருக்குக் கொஞ்சம் கொறச்சல். அதுதான் உன் பாதையிலேயே உயரமான எடம். செகப்பும் கருப்புமாக் கெடக்கும். அங்கங்க ஆவி கெளம்பும், கந்தக வாடை அடிக்கும். தரையில உக்காந்தா சில எடத்துல சூடு ஏறும். சொகமா இருக்குன்னு அங்கனயே கெடையைப் போட்டுராதே. காத்து அடிக்க ஆரம்பிச்சா அந்த விளிம்புல நிமிந்து நிக்கவே ஒரு வைராக்கியம் வேணும்.

அங்க இருந்து எறக்கம், தூளாப் போன எரிமலைக் கல்லுல. ஒரு அடி வச்சா ரெண்டு அடி வழுக்கும். பெரிய பெரிய உத்தியோகஸ்தங்க எல்லாம் பின்புறத்தால எறங்குத எடம் அது. வெக்கப்படாதே, அங்கன எல்லாரும் சமம். எறங்குகையிலேயே கீழ மூணு குளம் தெரியும். மரகதக் குளம்பாங்க. பாசியால வந்த பச்சைன்னு நினைச்சிராதே. பக்கத்துச் சூட்டு மண்ணுல இருந்து கரைஞ்சு வார தாதுதான் அந்த நிறம். கொஞ்சம் தள்ளிப் போனா நீலக் குளம். அதுல தண்ணி குளுந்து தெளிஞ்சு நிக்கும்.

இங்கனதான் எனக்கு உன்னை நினைச்சாப் பயம். அழகான எடத்தைக் கண்டா உனக்குப் பசிக்கும். புளியோதரைப் பொட்டலத்தை அந்த நீலக் குளத்தங்கரையில பிரிச்சிராதே. அந்தத் தண்ணி மாவோரி மக்களுக்குப் புனிதம். அதுல எறங்கக் கூடாது, கையை நனைக்கக் கூடாது, கரையில வச்சுத் திங்கக் கூடாதுன்னு கேட்டுக்கிடுதாங்க. நம்ம ஊரு கோயில் குளத்துல சோப்புப் போடுதவனை நீ என்னா ஏச்சு ஏசுவே! அந்த வாயை அங்கன மூடி வச்சுக்கோ, திங்கவும் சேத்துத்தான்.

அடுத்து உன் சினிமாக் கிறுக்கு. பாதைக்குப் பக்கத்துல கூராச் செதுக்கி வச்ச ஒரு மலை நிக்கும். நௌருஹோயின்னு பேரு, 2,287 மீட்டர். மோதிரக் கதைப் படத்துல தீ மலையா வந்துது அதுதான். நீ கல்லூரியில படிக்கையில போர்வையைப் போத்திட்டு அந்தப் படத்தை எத்தனை தடவை பாத்தேன்னு எனக்குத் தெரியும். உச்சியில ஏறி ஒரு மோதிரத்தைப் போட்டுப் படம் எடுக்கணும்னு உன் மனசுல ஓடுதா? இன்னும் கல்யாணத்துக்கே மோதிரம் எடுக்கலை, அதுக்குள்ள எரிமலைக்கா? அங்க சரளைக்கல்லு காலுக்கடியில உருளும். நீ உருட்டிவிட்டது கீழ வாரவன் மண்டைக்குப் போகும். அதுக்கும் மேல, அந்த மலை உச்சியெல்லாம் அவங்களுக்கு முன்னோரு தலை. தலையில ஏறாதீங்கப்பான்னு கேட்டுக்கிடுதாங்க. ஏறுனாச் செயிலு கெடையாது. சட்டம் தடுக்காத எடத்துலதான் வளப்பு தெரியும்.

அவங்க கதை ஒண்ணைக் கேளு. ஒரு காலத்துல அந்த மலையெல்லாம் பக்கத்துப் பக்கத்துல நின்னுச்சாம். பிஹாங்கான்னு ஒரு மலை மட்டும் பெண்ணு. அவளுக்காக மத்த மலைகளுக்குள்ள அடிதடி. டோங்காரிரோ ஜெயிச்சுட்டாரு. தோத்த தரனாக்கி மலை மேற்குப் பக்கமா ஓடி, கடலோரத்துல போயி உக்காந்துக்கிட்டாரு. அவர் இழுத்துட்டுப் போன தடந்தான் வங்கானுயி ஆறுன்னு சொல்லுதாங்க. நெருப்புக் கக்குதவரே காதல் சண்டையில ஊரைக் காலி பண்ணியிருக்காரு. நீ போன வருஷம் ஒரு புள்ளைக்காக வேலையை மாத்துனதுக்கு உங்க அப்பன் கெடந்து குதிச்சானே, இந்தக் கதையைச் சொல்லு.

1887-ல தூஃபாரெதோவா குடித் தலைவர் நாலாம் தெ ஹெயுஹெயு டோங்காரிரோ, நௌருஹோயி, ருவாபெஹுன்னு மூணு மலை உச்சியையும் அரசாங்கத்துக்குத் தானமாக் குடுத்தாரு. துண்டு போட்டு வித்துருவாங்கங்குத பயம். அப்படித்தான் அந்த நாட்டோட முதல் தேசியப் பூங்கா வந்துது. ஒரு மலையைக் காப்பாத்த அதை விட்டுக்குடுக்கணும்னு புரிஞ்ச மனுஷன்.

சரி, இப்போ விஷயத்துக்கு வாரேன். உன் வழியைப் படத்துல விரலை வச்சுச் சுத்திப் பாரு. நடுவுல யாரு நிக்காரு? அதே நௌருஹோயிதான். நீ அவரு மேல ஏறலை. அவரைச் சுத்தித்தான் வாரே. ஏலே, உங்க ஆச்சி பௌர்ணமிக்குத் திருவண்ணாமலையில 14 கிலோமீட்டர் செருப்பில்லாம நடக்கப் போறான்னு தெரிஞ்சப்போ, மேல ஏறாம சும்மா சுத்தி வாரதுல என்ன கெடைக்கும்னு கேட்டவன் நீதானே? இப்போ காசைக் கட்டி, பூட்ஸ் வாங்கி, சமுத்திரம் தாண்டி 45 கிலோமீட்டர் கிரிவலம் போறே. ஆச்சிக்கு அண்ணாமலையாரு, உனக்கு நௌருஹோயி. உச்சியில ஏறுனவனுக்கு மலையோட ஒரு பக்கந்தான் தெரியும், அதுவும் காலுக்கடியில. சுத்துதவனுக்குத்தான் ஈர முகம், வறண்ட முகம், பொசுங்குன முகம் எல்லாம் தெரியும். ஓதுரேரே பக்கம் போனா ஒரே கல்லும் மணலுமா இருக்கும். வைஹோஹோனு பக்கம் பீச் மரக்காடு வரும். ரெண்டும் ஒரே மலை வட்டாரந்தான்.

வெளையாட்டு இல்லாம ஒரு பேச்சு. அந்த மலைக ஓய்வெடுக்கு, ரிட்டையர் ஆகலை. 2012 ஆகஸ்ட் 6 ராத்திரி, உன் பாதைக்கு வடக்கே டோங்காரிரோவோட தே மாரி வாய் நூறு வருஷத்துக்கு அப்புறம் திறந்து பாறையை வீசுச்சு. அந்தப் பாறை கெடெடாஹிங்குத குடிலோட கூரையைத் துளைச்சிட்டு உள்ள விழுந்துச்சு. உயிர்ச்சேதம் இல்லை. 1953 டிசம்பர் 24-ல ருவாபெஹு உச்சியில இருக்க ஏரி கரை ஒடைஞ்சு, சேறும் பாறையுமா ஆத்துல எறங்கி ரயில் பாலத்தை அடிச்சிட்டுது. கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போன ரயிலு. 151 பேரு போயிட்டாங்க. மலைமேல ஏரியைப் பாத்து வாயைப் பொளக்குதவன் இதையும் தெரிஞ்சு வச்சுக்கணும். கெளம்புற அன்னைக்கு எரிமலை எச்சரிக்கையையும் வானிலையையும் பாரு. போற வழியையும் திரும்புற நேரத்தையும் ஊர்ல ஒருத்தர்கிட்டச் சொல்லிட்டுப் போ. காத்து மோசம்னா, பாதியில திரும்பிரு. பாதியில திரும்பி வந்தவன் எவனும் என் பெஞ்சுல உக்காந்து அழுது நான் பாக்கலை.

கடைசி நாளு, வைஹோஹோனுவுல இருந்து திரும்புகையில தாமா ஏரிகளுக்கு ஒரு கிளைப்பாதை பிரியும். ரெண்டும் பழைய வெடிப்புல ஆன குழி, இப்போ தண்ணி நிக்கு. கீழ் ஏரி கிட்டத்துலதான், மேல் ஏரிக்குத்தான் ஏத்தம். உன் ரெண்டு நாள் திட்டத்துல அதுக்கு நேரம் கெடையாது. காரு இருக்க எடத்துக்கு ஓடிட்டிருப்பே. அதைப் பாக்கவாச்சும் மேனேஜர்கிட்ட ஒரு வெள்ளிக்கிழமையையும் ஒரு திங்கக்கிழமையையும் லீவு கேளு. பாட்டன் சாகக் கெடக்கான்னு சொல்லிக்கோ. அந்தப் பொய்க்கு நான் சாட்சியா இருமித் தாரேன்.

அதுக்கு முன்னால ஆச்சிக்கு ஒரு போன் போடு. நடந்து நடந்து பாதத்துல கொப்பளம் வந்தா என்ன தடவணும், எந்த எடத்துல உக்காந்தா எந்திரிக்க மனசு வராது, எல்லாம் அவளுக்குத் தெரியும். பூட்ஸ் என்ன விலைன்னு கேட்டா மட்டும் லைன் கட்டாயிருச்சுன்னு வச்சிரு.