மறுகாட்சியியல்: பாலையாவின் முகம் குறித்து ஒரு வீரசோழன் வட்டார ஆய்வு

பாயிரம்

ஒரு நகைச்சுவைப் படத்தை ஒருமுறை கண்டு சிரித்தவர், அடுத்து என்ன நிகழும் என்பது முழுவதும் தெரிந்த நிலையில் அதையே மீண்டும் கண்டு முன்னிலும் மிகுதியாகச் சிரிப்பது ஏன் என்னும் வினா தமிழ் ஆய்வுலகில் போதிய கவனம் பெறாமைக்குக் காரணம், படம் பார்ப்பவர் அனைவருக்கும் அதன் விடை ஏறத்தாழத் தெரியும் என்பதே ஆகும். விடை தெரிந்த வினாவை ஆய்வுப் பொருளாக உயர்த்த வேண்டுமாயின் அதற்கு முதலில் எளிதில் புரியாத ஒரு பெயரை இடவேண்டும் என்பது நெறியாதலின், இத்துறை இங்கு மறுகாட்சியியல் என வழங்கப்படுகிறது. மறுகாட்சி என்பது ஒரு படத்தை இரண்டாம் முறையாகவோ அதற்கு மேலோ காணுதல். டிக்கெட் எடுத்துக் காணினும், கொட்டகையின் கீற்றை விலக்கிக் காணினும் இலக்கணம் ஒன்றே.

களம்

ஆய்வுக்களம் விருதுநகர் மாவட்டம் திருச்சுழி வட்டத்து வீரசோழன். ஊரின் பெயரில் ஒரு சோழன் இருப்பதால், அவன் எந்தச் சோழன், எப்போது வந்தான், தண்ணீர் நிறைந்த காவிரிக்கரையை விட்டுவிட்டு இந்த வானம் பார்த்த பூமிக்கு எதற்காக வந்தான் எனக் குறைந்தது நாற்பது பக்கம் எழுதிய பின்னரே பொருளுக்குள் நுழைவது ஆய்வு மரபு. இக்கட்டுரை அந்த நாற்பது பக்கங்களும் வழக்கம்போல் எழுதப்பட்டு, வழக்கம்போல் படிக்கப்படாமல் விடப்பட்டன எனக் கொண்டு மேற்செல்கிறது.

இவ்வூர் தேர்ந்தெடுக்கப்பட்டமைக்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, வடகிழக்குப் பருவமழையை நம்பிக் கம்பும் சோளமும் மிளகாயும் மல்லியும் விளைவிக்கும் மானாவாரி நிலத்தில், அறுப்பு முடிந்து அடுத்த மழை வரும் வரையில் கண்மாய் வறண்டு கிடக்கும் மாதங்கள் நீண்டவை. அத்தகைய மாதங்களில் ஒரு படத்தை ஒருமுறை மட்டும் பார்ப்பது பொழுதை வீணாக்குவதாகும். இரண்டாவது, வீரசோழன் ஆட்டுச் சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர். கால்நடைச் சந்தைகளில் இருவர் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுவது பழைய வழக்கம். என்ன விலை என்பது பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது, விரல் தெரியாது, ஆகவே அவர் பார்ப்பதற்கு எஞ்சுவது விலையைக் கேட்டவரின் முகம் ஒன்றே. பேசுபவரை விட்டுக் கேட்பவரைப் பார்க்கும் இப்பயிற்சி திரைப்படக் கல்லூரிகளில் கற்பிக்கப்படுகிறதா என்பது வேறு ஆய்வுக்கு உரியது, சந்தையில் கற்பிக்கப்படுகிறது.

மூலபாடம்

ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட மூலபாடம், ஸ்ரீதர் இயக்கி 1964ஆம் ஆண்டில் வண்ணத்தில் வெளிவந்த ‘காதலிக்க நேரமில்லை’. இதன் எழுத்தில் ஸ்ரீதருடன் பங்குகொண்டவர் சித்ராலயா கோபு. இரவிச்சந்திரனும் காஞ்சனாவும் நாயகன் நாயகியராக அறிமுகமானது இப்படத்திலேயே. சின்னமலை எஸ்டேட் முதலாளி விஸ்வநாதனாக டி.எஸ்.பாலையாவும், படம் எடுத்தே தீருவேன் என நிற்கும் அவருடைய மகன் செல்லப்பாவாக நாகேஷும் நடித்துள்ளனர். செல்லப்பாவிடம் ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்னும் படநிறுவனம் உண்டு. பணம் மட்டும் இல்லை. இப்படத்தில் காதலர்களும் உள்ளனர் என முன்னோர் குறித்துள்ளனர்.

காண்போர் வகை

மறுகாட்சியாளர் பின்வருமாறு வகைப்படுத்தப்படுவர்.

முதன்முறை காண்போர்: இவர்கள் கதையைக் காண்பவர்கள், யார் யாரை மணந்தார் என்பது தெரிந்ததும் மன நிறைவுடன் வீடு திரும்புவர்.

இருமுறை காண்போர்: இவர்கள் வசனத்தைக் காண்பவர்கள், நடிகர் வாய் திறப்பதற்கு முன்பே தாம் சொல்லி முடிப்பதால் பக்கத்தில் இருப்போரால் வெறுக்கப்படுவர்.

மும்முறையும் அதற்கு மேலும் காண்போர்: முகத்தைக் காண்பவர்கள், இவர்களே இக்கட்டுரையின் பொருள்.

பாட்டு வரும்போது எழுந்து போவோர்: இவர்கள் போய்விட்டமையால் இவ்வகை இத்துடன் முடிகிறது.

உறங்குவோர்: இவர்கள் எத்தனை முறை வந்தாலும் முதன்முறை காண்போரே.

ஆய்வேடு எழுதுவோர்: இவர்கள் படத்தைக் காண்பதில்லை, படத்தைப் பற்றி முன்பு ஆய்வேடு எழுதியவரின் ஆய்வேட்டைக் காண்பர்.

முகப்பெயர்ச்சி விதி

செல்லப்பா தன் தந்தையை உட்கார வைத்துத் தான் எடுக்கப்போகும் படத்தின் கதையைச் சொல்லும் காட்சியைத் தமிழர்க்கு விளக்கத் தேவையில்லை. மகன் வாயாலேயே ஒலி எழுப்புகிறான், கையாலேயே காட்சி காட்டுகிறான். தந்தை அஞ்சி நடுங்குகிறார். முதன்முறை பார்ப்பவரின் கண் நாகேஷின் மீது நிற்கிறது, ஏனெனில் கதையில் அடுத்து என்ன வரும் என்று அவரும் காத்திருக்கிறார். எதுவும் வரப்போவதில்லை, அது கதையே இல்லாத கதை என்பது தெரிந்துவிட்ட மறுகாட்சியில் கண்ணுக்கு அங்கே வேலை இல்லாமல் போகவே, அது மெல்ல நகர்ந்து பாலையாவின் முகத்தில் போய் அமர்கிறது. காட்சியின் எண்ணிக்கை கூடக் கூடப் பார்ப்பவரின் கண் சொல்பவரிடமிருந்து கேட்பவருக்கு இடம்பெயரும் இந்நிகழ்வு முகப்பெயர்ச்சி எனப்படும். குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி ஆகியவற்றினின்று இது வேறுபடுவது, பன்னிரண்டு ராசிக்கும் பலன் ஒன்றே என்பதில்தான்.

பெயர்ச்சி நிகழ்ந்த பின் புலப்படுவன பல. படத்துக்குப் பணம் தர மறுக்கும் முதலாளி ஒருவரே அப்படத்தின் முதல் ரசிகர். அதைக் கண்டு மெய்யாகவே நடுங்கியவரும் அவர் ஒருவரே. ஓஹோ புரொடக்‌ஷன்ஸின் திகில் படம் ஓடுகின்ற ஒரே திரை பாலையாவின் முகம் என்பதை உணரும்போது, பார்வையாளர் ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் பார்க்கிறார். இதே விஸ்வநாதன்தான், எஸ்டேட் வேலையிழந்த அசோக் (இரவிச்சந்திரன்) முதலாளி வீட்டுக்கு எதிரிலேயே கூடாரம் அடித்துப் போராடியபோது அசையாதவர் என்பதும், அதே அசோக் செல்வந்தர் வீட்டுப் பிள்ளை என்று சொல்லப்பட்டதும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுபவர் என்பதும் இரண்டாம் முறையே ஒன்றோடொன்று சேர்கின்றன. யாருக்கும் இரங்காத மனிதர் யார் சொல்லும் கதையையும் நம்பிவிடுகிறார். கதை பணத்தைப் பற்றியதாகவோ பயத்தைப் பற்றியதாகவோ இருந்தால் போதும். இதுவே குணச்சித்திரம் எனப்படுவது. முதன்முறை சிரித்தது வேடிக்கைக்கு. மறுமுறை சிரிப்பது விஸ்வநாதன் என்னும் ஆளுக்கு.

இதற்கு மேலும் ஓர் அடுக்கு உண்டு. பாலையா 1936இல் வெளியான ‘சதி லீலாவதி’ முதல் திரையில் இருந்தவர். வில்லனாகவும் பல படங்களில் பிறரை அச்சுறுத்தியவர். கால் நூற்றாண்டுக்கு மேலாகத் திரையில் நின்ற அந்த முகம், மகன் வாயாலே எழுப்பும் ஒலிக்கு நடுங்குவதன் சுவை, அவருடைய பழைய படங்களையும் கண்ட மறுகாட்சியாளர்க்கே முழுமையாகக் கிட்டும் (தரை டிக்கெட் உரை). அந்தப் படங்களைக் காணாதவரும் சமமாகவே சிரிக்கின்றனர் என்பது பிறிதொரு கருத்து (பெஞ்சு டிக்கெட் மறுப்புரை, கடைசி வரிசை). ஒப்பாய்வு விரும்புவோர், 1966இல் ஸ்ரீதரே இந்தியில் எடுத்த ‘பியார் கியே ஜா’வில் இக்காட்சியை மெஹ்மூதும் ஓம் பிரகாஷும் ஏற்றுள்ளதைக் காணலாம், அங்கும் கடினமான வேலை கேட்பவருக்கே.

முறுக்குக்காரர் நெறி

முகப்பெயர்ச்சி விதியை அதன் எல்லை வரை கொண்டு சென்றவர் என இவ்வாய்வு கருதுவது டெண்ட் கொட்டகை முறுக்குக்காரரை. டெண்ட் கொட்டகை என்பது அந்நாளைய டூரிங் டாக்கீஸ். மணல் தரையும், மணலைக் குவித்துத் தத்தமக்கு அமைத்துக்கொண்ட உயர்ந்த இருக்கைகளும், பெரும்பாலும் ஒற்றை புரொஜெக்டரும் உடையதாக இருந்தது. சுருள் மாற்றும் தோறும் படம் நின்றமையின், ஊருக்கு ஓர் இடைவேளை என்றால் அங்கே பல. இந்த ஒவ்வோர் இடைவேளைக்கும் சற்று முன்னரே முறுக்குக்காரர் கூடையுடன் உள்ளே வந்து, திரைக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்தைப் பார்த்து நிற்பார். யாருக்குப் பசி, யாரிடம் காசு, எந்தக் குழந்தை அழும் என்பவற்றைக் கணிப்பது அவர் தொழில். ஆகவே அவர் படத்தைப் பார்ப்பதில்லை. படத்தைப் பார்ப்பவர்களைப் பார்க்கிறார்.

இதன் பொருள் ஆழமானது. முதன்முறை காண்பவர் நாகேஷைப் பார்க்கிறார். மறுகாட்சியாளர் நாகேஷைப் பார்க்கும் பாலையாவைப் பார்க்கிறார். முறுக்குக்காரரோ நாகேஷைப் பார்க்கும் பாலையாவைப் பார்க்கும் கூட்டத்தைப் பார்க்கிறார். இவரே கேட்பவர் முகம் காண்பதில் மூன்றாம் நிலையினர். இதற்கு மேல் ஒரு நிலை உண்டாயின் அது முறுக்குக்காரரைப் பார்ப்பவர் நிலை, அதை எய்துவோர் கடன் சொல்லி முறுக்கு வாங்கியவர்கள். ஒரு படம் தேறுமா தேறாதா என்பதை அறிய அவருக்குத் திரை தேவையில்லை; கூட்டம் வாய்விட்டுச் சிரித்தால் முறுக்கு மெல்ல இயலாது, விற்பனை குறையும், ஆகவே நல்ல நகைச்சுவைப் படம் முறுக்குக்கு நட்டம் என்பது அவரது கண்டடைவு (முறுக்குக்காரர் கூற்று, வாய்மொழிப் படி, இரண்டாம் இடைவேளை, கூடையின் இடப்புறம்). மும்முறை பார்த்தவர்கள் எங்கே சிரிப்பு வரும் என்பதை முன்னறிந்து, அதற்குச் சற்று முன்பே மென்று விழுங்கிவிடுவர். எனவே மறுகாட்சி பெருகினால் நட்டம் குறையும் (மேற்படியார், அதே கூடை, எண்ணெய்க் கறை படிந்த தாளில் எழுதப்பட்டு, பின்னர் அத்தாளிலேயே முறுக்கு மடித்துத் தரப்பட்டமையால் மூலம் தின்பாரிடம் சென்றது).

இக்கூற்றுக்கு ஆட்டுச் சந்தையில் ஓர் உரை உண்டு. கேட்பவன் முகத்தில் தெரிவதே சிரிப்பு என்பது அதன் சாரம் (சந்தைச் சுவடி, ஏடு இல்லை, பக்கம் இல்லை, வேப்பமரத்தின் கீழ்ப்புறம், வெள்ளாட்டின் கழுத்துக் கயிற்றைப் பிடித்தபடி சொல்லப்பட்டது, அவ்வமயம் ஆடு கத்தியமையால் கடைசிச் சொல் ‘சிரிப்பு’ எனவும் ‘செருப்பு’ எனவும் பாடம்). சிரிப்புப் பாடத்தினர்க்கும் செருப்புப் பாடத்தினர்க்கும் இடையே எழுந்த பூசலில் இரு சாராரும் தத்தம் பாடமே பழையது என நிறுவியுள்ளனர்; சொன்னவரைத் தேடிப் போய்க் கேட்கலாம் என்ற யோசனை, ஆய்வு நெறிக்குப் புறம்பானது என இரு சாராராலும் ஒருமனதாகத் தள்ளப்பட்டது.

தொல்காப்பிய இயைபு

எப்பொருளை ஆயினும் தொல்காப்பியத்தில் ஏற்றிக் காட்டாத கட்டுரை கட்டுரையாகாது. மெய்ப்பாட்டியல் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன் கூறுகிறது. எள்ளல் பிறரை இகழ்தல், இளமை பிள்ளைத்தன்மை, பேதைமை அறியாமை, மடன் என்பது ஒருவர் கொளுத்தியதைப் (கற்பித்ததைப்) பற்றிக்கொண்டு, பற்றியதை விடாமை. பேதைமைக்கும் மடனுக்கும் வேறுபாடு என்ன என்பது பற்றி எழுந்த தாள்களை அடுக்கினால் அவ்வடுக்கே வேறுபாட்டை மறைத்துவிடும். ஆனால் கங்கை அமரன் இயக்கி 1989இல் வெளிவந்த ‘கரகாட்டக்கார’னின் வாழைப்பழக் காட்சியைக் கண்ட எவருக்கும் அது ஐயமற விளங்கும். இரண்டு பழம் வாங்கிவரச் சொல்லப்பட்டு, ஒன்றைத் தின்றுவிட்டு, மற்றொன்று எங்கே என்ற கேள்விக்குக் கையில் இருப்பதே அந்த மற்றொன்று என்று செந்தில் எத்தனை அடி விழுந்தாலும் விடாமல் நிற்பது மடன். அந்தக் கணக்கை மறுக்கத் தெரியாமல் கவுண்டமணி கொதிப்பது எள்ளலாகத் தொடங்கிப் பேதைமையாக முடிவது. முகப்பெயர்ச்சி இங்கும் நிகழ்கிறது: முதன்முறை கத்துபவரையும், மறுமுறை கத்தலைக் கேட்டுக்கொண்டு அமைதியாக நிற்பவரையும் கண் நாடுகிறது.

துணுக்குக் காட்சிகள்

தொலைக்காட்சியின் நகைச்சுவை அலைவரிசைகள் இக்காட்சிகளைத் துண்டாக வெட்டி நாள்தோறும் ஒளிபரப்புவதால் மறுகாட்சி மிகுந்துவிட்டது என்பார் உளர். இது ஏற்கத்தக்கதன்று. துணுக்கில் விஸ்வநாதன் அஞ்சும் ஒரு தந்தை மட்டுமே. எஸ்டேட்டும் கூடாரமும் பணமும் வெட்டப்பட்ட பகுதியில் கிடக்கின்றன. துணுக்கை நூறு முறை பார்த்தவர் முதன்முறையை நூறு முறை பார்த்தவரே.

முடிவுரை

மதுரைப் பக்கத்து ஊர் எதைப் பற்றிய ஆய்வும் திருவிளையாடலில் முடிய வேண்டும். அப்பெயரிலேயே வந்த ஏ.பி.நாகராஜனின் 1965ஆம் ஆண்டுப் படத்தில் நாகேஷ் தருமியாகவும், பாலையா ஹேமநாத பாகவதராகவும் தோன்றினர். அதன் ஒலிச்சித்திரம் கல்யாண வீட்டுக் குழாய் ஒலிபெருக்கிகளில் முழங்கியமையால், படத்தைக் காணுமுன்பே பலமுறை கேட்டவர்கள் இவ்வட்டாரத்தில் உண்டு. அப்படத்தைக் கண்டவர்களுள் ஆய்வாளர் அனைவரும் குற்றம் கண்ட நக்கீரரின் கட்சி, ஏனையோர் அனைவரும் பரிசு போன தருமியின் கட்சி என்னும் பிரிவினை இன்றளவும் மாறவில்லை.

இவ்வாய்வின் முடிவு, நல்ல நகைச்சுவைப் படத்தின் மறுகாட்சியில் பார்க்கத்தக்கது கேட்பவர் முகமே என்பதாம். இதைச் சரிபார்க்க விழைவோர் ஏதேனும் ஒரு பல்கலைக்கழக வாய்மொழித் தேர்வுக்குச் செல்லலாம்: அங்கும் ஒருவர் நின்றுகொண்டு கதையில்லாத கதை ஒன்றை வாயாலும் கையாலும் சொல்கிறார், எதிரில் ஒருவர் உட்கார்ந்து கேட்கிறார். வேறுபாடுகள் இரண்டே. பாலையா கதையைக் கேட்டார். அவர் எங்கும் கையெழுத்துப் போடவில்லை.