பதிலாள் வந்தால் விடுவிக்கப்படுவீர்

நெடுந்தீவில் வேலை பார்க்கும் உத்தியோகத்தருக்கு வரும் நோய்கள் மூன்றுதான்: முதுகு நோ, கடல் ஒத்துக்கொள்ளாமை, வயதான தாய். மாற்றம் கேட்டு எழுதும் கடிதத்தில் இவை முற்றிவிடும். நான் மூன்றையும் ஒரே கடிதத்தில் போட்டேன். வாசித்துப் பார்த்த அம்மா, "உயிரோட இருக்கிறவளைப் படுக்கையில கிடத்திப்போட்டாய்" என்றார். கையில் முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றிய வாளி.

இந்த விசயத்தில் என் ஆலோசகர் ஸ்கார்பரோவில் இருக்கும் பெறாமகன். கூடைப்பந்துப் பைத்தியம். "சித்தப்பா, கரீம் அப்துல் ஜபாரே மாற்றம் கேட்டவர்" என்று தேற்றினான். மில்வாக்கிக்கு 1971இல் கிண்ணம் வென்று கொடுத்த மனிதர், 1974இல் நியூயோர்க் அல்லது லொஸ் ஏஞ்சலிஸ் வேண்டும் என்றாராம். அணியில் குறையில்லை, ஊர்தான் ஒத்துவரவில்லை. கடைசிப் படகைத் தவறவிட்டு நெடுந்தீவு இறங்குதுறையில் நின்ற எவருக்கும் கரீமின் நிலை விளங்கும்.

கேட்டால் ஏன் கொடுக்கிறார்கள் என்பதில்தான் சூட்சுமம். ஒப்பந்தம் முடியும்வரை பிடித்து வைத்தால் ஆள் தன்பாட்டில் போய்விடுவார், அணிக்கு ஒன்றும் மிஞ்சாது. முன்னரே கைமாற்றினால் பதிலுக்கு ஏதாவது வரும். 2019இல் அந்தோனி டேவிசை விட்டுக்கொடுத்த நியூ ஓர்லியன்சுக்கு மூன்று ஆட்டக்காரரும், புதுமுகங்களைத் தெரிவு செய்யும் உரிமைகளும் கிடைத்தன. (பகிரங்கமாகக் கேட்ட குற்றத்துக்கு டேவிசுக்கு 50,000 டொலர் தண்டம். என்னிடம் யாரும் தண்டம்கூடக் கேட்கவில்லை.)

எங்கள் கந்தோரிலும் அதே சட்டம்தான்: "பதிலாள் வந்தால் விடுவிக்கப்படுவீர்." யாழ்ப்பாணத்தில் ஒருவரைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன். சோழகம் அடிக்கிற காலம். குறிகட்டுவான் வரை வந்தார். படகு துறையோடு மோதி மோதி ஆடுவதைப் பார்த்தார். வந்த பஸ்சிலேயே திரும்பிவிட்டார்.

பிறகு ஜேம்ஸ் ஹார்டன் வழி. ஹூஸ்டனில் பயிற்சிக்குப் பிந்தி வந்து, ஏனோதானோவென்று ஆடி, 2021 ஜனவரியில் புரூக்ளினுக்குப் போய்ச் சேர்ந்தவர். நானும் பிந்திப் போனேன். "படகு பிந்தினதுதானே" என்று அவர்களாகவே இரங்கினார்கள். ஏனோதானோவென்று கோப்புப் பார்த்தேன். "இப்பதான் தம்பி வேலை பிடிபட்டிருக்கு" என்றார் சீஃப் கிளாக். நட்சத்திரம் முகம் சுளித்தால் அணி தோற்கும்; நான் சுளித்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

கடைசியில் மாற்றம் வந்தது. நான் கேட்டது தரைவழி உள்ள ஊர்காவற்றுறை, தந்தது நயினாதீவு. பெறாமகன் துள்ளினான்: "கவாய் லெனார்ட்டும் லொஸ் ஏஞ்சலிஸ்தான் கேட்டவர் சித்தப்பா, 2018இல எங்கட டொரொண்டோவுக்கு அனுப்பிப்போட்டாங்கள். அடுத்த வருசமே கிண்ணம் அடிச்சுத் தந்தவர்!" கிண்ணம் தந்த கையோடு அவர் லொஸ் ஏஞ்சலிசுக்குப் போய்விட்டதை அவன் சொல்லவில்லை. நானே தேடி அறிந்து, அதைத்தான் நெஞ்சில் வைத்திருக்கிறேன்.

என் இடத்துக்கு நெடுந்தீவுக்கு யார் வந்தார்கள் என்று விசாரித்தேன். ஆள் வரவில்லையாம். ஒரு போட்டோக்கொப்பி மெசின் வந்திருக்கிறதாம். கந்தோரில் எல்லோருக்கும் நல்ல சந்தோசமாம்.