யார் போயிட்டாங்க?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியார் வந்து நின்றார். ஓய்வு பெற்றவர். பத்து மணிக்கு முன்னால் வெளியே தலை காட்டாத மனிதர். அன்றைக்குச் சட்டைப் பித்தானை ஒன்று தள்ளிப் போட்டிருந்தார். செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்போ?" என்றார்.

"என்ன எப்போ?"

"இல்ல... ராத்திரியா, விடியக்காலமா?"

எனக்கு விளங்கவில்லை. என் மனைவிக்கு விளங்கிவிட்டது. சமையலறையிலிருந்தே, "ஐயோ அண்ணா, அதெல்லாம் ஒண்ணுமில்ல. இவரு பாட்டு கேக்குறாரு, அவ்வளவுதான்" என்று குரல் கொடுத்தாள்.

வாத்தியார் என் கையை விட்டார். முகத்தில் நிம்மதியா ஏமாற்றமா என்று சொல்ல முடியாத ஒன்று ஓடியது. துக்கம் கேட்கப் போகிற வீட்டில் கை நனைக்க முடியாது என்று தம் வீட்டிலேயே காப்பி குடித்துவிட்டு வந்திருக்கிறார். விஷயம் அதுவல்ல என்றதும் இங்கே இன்னொன்று குடித்துவிட்டுப் போனார்.

அப்போது ஓடிக்கொண்டிருந்தது 'பாவமன்னிப்பு' படத்தில் பி.பி.ஸ்ரீநிவாஸ் பாடிய பாட்டு. ஜெமினி கணேசன் காதலியைப் புகழ்வார். புகழ்ச்சியைத் தவிர அதில் வேறு சரக்கே கிடையாது. உலகத்தில் எதெல்லாம் உசத்தியோ அதையெல்லாம் பொறுக்கி எடுத்துக் கண்ணதாசன் அந்தப் பெண்ணின் தலையில் சூட்டியிருப்பார். படம் வந்தது 1961-ல். அன்றிலிருந்து இன்றுவரை அந்தப் பாட்டில் ஒருவரும் சாகவில்லை. ஆனால் மெதுவான பாட்டு. குற்றம் அதுதான்.

எனக்கு இந்த வியாதி கல்லூரி நாளிலேயே வந்துவிட்டது. பாட்டு மெதுவாகப் போக வேண்டும், வார்த்தை சந்தோஷமாக இருக்க வேண்டும். தமிழில் இதற்கு ஒரு பெயர் கிடையாது. குத்துப்பாட்டு உண்டு, தத்துவப் பாட்டு உண்டு, சோகப் பாட்டு உண்டு, டூயட் உண்டு. அந்தக் காலத்தில் திருச்சியில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வருவேன். அறுபது நிமிடக் கேசட்டில் பதிந்து, அட்டையில் வகை எழுதித் தருவார் கடைக்காரர். என் பட்டியலை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்ப்பார். பிறகு என்னை ஒரு பார்வை பார்ப்பார். "மறந்துருங்க தம்பி. அதெல்லாம் சரியாயிடும்" என்பார். கேசட் மேல் சிவப்பு மையில் 'சோகம் – 1' என்று எழுதியிருக்கும். இப்படியே 'சோகம் – 7' வரை சேர்ந்துவிட்டது.

கல்யாணமான மூன்றாம் நாள் என் மனைவி அந்தப் பெட்டியைத் திறந்தாள். ஏழு கேசட்டையும் வரிசையாகக் கட்டில் மேல் அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் வேலை முடிந்து வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "யாரு அவ?"

பாட்டைப் போட்டுக் காட்டினேன். வார்த்தையைக் கேள், எல்லாம் சந்தோஷமான வார்த்தை என்றேன். அவள் வார்த்தையைக் கேட்கவில்லை, மெட்டைக் கேட்டாள். அந்த ஏழு கேசட்டுக்குப் பின்னால் ஒருத்தி இருக்கிறாள் என்ற சந்தேகம் முப்பது வருடம் கழித்தும் அவளுக்கு முழுசாகத் தீர்ந்தபாடில்லை.

நம் ஜனங்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பழக்கிவிட்டது ரேடியோ. 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி சுடப்பட்டு இறந்த பிறகு பல நாளுக்கு ரேடியோவில் சினிமாப் பாட்டு இல்லை. வீணையும் வயலினும் இழுத்துக்கொண்டே இருந்தன. 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்தபோதும் அதே கதை. அதற்கப்புறம் ஒரு தலைமுறைக்கே காது அப்படிப் பழகிவிட்டது. காலையில் ரேடியோவைத் திருகினால் வீணை மெதுவாக வருகிறதா? அப்பா பேப்பரை இறக்கி, "யாரு?" என்பார். அம்மா அடுப்பைத் தணிப்பாள். நாங்கள் மட்டும் பள்ளிக்கூடம் லீவா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்போம். சில நாள் அது வெறும் வீணைக் கச்சேரியாகவே இருந்துவிடும். நல்ல வித்வானாகத்தான் இருப்பார். அவரை நாங்கள் மன்னித்ததே இல்லை.

பாதிப் பழி சினிமாவுக்கும் போக வேண்டும். ஒரே பாட்டை ஒரே படத்தில் இரண்டு முறை வைப்பார்கள். முதல் தடவை தோட்டத்தில், ஓட்டமும் துள்ளலுமாக. இரண்டாம் தடவை நாயகிக்குக் காசநோய் வந்த பிறகு, அதே பல்லவி, நொண்டி நொண்டி வரும். வேகம் என்றால் ஆரோக்கியம், நிதானம் என்றால் இருமல் என்று கொட்டகையில் நமக்குப் பாடம் நடத்திவிட்டார்கள்.

மிச்சப் பழி பேட்டரிக்கு. கேசட்டில் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும் என்பது கணக்கு. எங்கள் டேப்ரிக்கார்டரில் பேட்டரி தீரத் தீர அது எவ்வளவு ஓடியது என்று கடவுளுக்குத்தான் தெரியும். நாடா தளர்ந்தால் குரலும் இறங்கும். பி.சுசீலா ஆரம்பிப்பார், சரணத்துக்குள் டி.எம்.எஸ். ஆகிவிடுவார். பேட்டரியை எடுத்து மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டு, லேசாகக் கடித்துப் பார்த்து, திரும்பப் போட்டால் இன்னும் இரண்டு பாட்டு ஓடும். நாங்கள் பட்ட இந்த அவஸ்தை இப்போது நாகரிகமாகிவிட்டது என்பதுதான் ஆச்சரியம். என் மகன் காதில் மாட்டிக்கொண்டு ஏதோ கேட்டான். வாங்கிக் கேட்டேன். நல்ல துள்ளலான பாட்டு ஒன்று, கிணற்றுக்குள்ளிருந்து, காய்ச்சல் வந்தவன் பாடுவதுபோல் வந்தது. "பேட்டரி மாத்துடா" என்றேன். "இது ஸ்லோட் அண்ட் ரிவெர்ப்ப்பா. வேணும்னே இப்படிப் பண்றாங்க" என்றான். வெயிலில் காயவைத்த காலமெல்லாம் வீண்.

சங்கீதக்காரர்களிடம் போனால் ஞாயம் கிடைக்குமா என்று பார்த்தேன். அங்கே முகாரி நிற்கிறது. யாராவது புலம்பினால், "முகாரி பாடாதே" என்று வாயை அடைக்கிறோம். ஆனால் தியாகராஜர் சபரியின் பாக்கியத்தை வியந்து ஒரு கீர்த்தனை பாடியிருக்கிறார். ராமனைக் கண்ணாரக் கண்டு பழம் கொடுத்த கிழவியின் பூரிப்பு அது. அந்தப் பூரிப்புக்கு அவர் எடுத்துக்கொண்ட ராகம் முகாரி. என் மனைவியிடம் இதை ஆதாரமாகக் காட்டினேன். "அவரு பாடுனது சபரியப் பத்தி. நீங்க யாரப் பத்தி?" என்றாள்.

தாலாட்டைச் சொல்லாமல் இந்த விஷயம் முடியாது. மெதுவான பாட்டு, சந்தோஷமான வார்த்தை என்றால் அதற்கு மூலமே தாலாட்டுதான். அதில் வரும் உறவுக்காரர்கள் பிள்ளையை அடித்தாலும் பூச்செண்டால்தான் அடிப்பார்கள். சந்தோஷத்துக்கு அளவே கிடையாது. ஆனால் எங்கள் ஊரில் தாலாட்டுக்குப் பேர்போன கிழவிதான் ஒப்பாரிக்கும் பேர்போனவள். இரண்டுக்கும் இழுவை ஒன்று. "ராசாவே" என்று அவள் எடுத்தால், தொட்டிலில் பிள்ளை கிடக்கிறதா, பாடையில் பெரியவர் கிடக்கிறாரா என்று எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் அக்காவுக்கு முதல் பிள்ளை பிறந்தபோது நான் குமாஸ்தா வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைப் பார்க்கப் போனேன். அக்கா தொட்டிலை ஆட்டியபடி பாடிக்கொண்டிருந்தாள். என்ன நிதானம், என்ன இதம்! கண்ணை மூடிக்கொண்டு ரசித்தேன். பிறகுதான் வார்த்தை காதில் விழுந்தது. மாமன் வருகிறானாம். தங்கத்தில் தொட்டில் கொண்டு வருகிறானாம். வெள்ளியில் பால்சங்கு. முத்து வைத்த தொப்பி. அதோடு நிற்கவில்லை, ஒரு யானைக்குட்டி. ஒவ்வொரு அடிக்கும் நடுவில் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். மாமா, அதாவது அக்கா புருஷன், கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி, "சங்கு மட்டும் இப்போதைக்குப் போதும்டா" என்றார். அந்த மாதச் சம்பளத்தில் சங்கு போயிற்று. பிள்ளை தூங்கிவிட்டது. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

அந்தப் பிள்ளை வளர்ந்து அவனுக்குக் கல்யாணமும் வந்தது. தாய்மாமன் சீர் என்று பன்னிரண்டு தட்டு தூக்கிப் போனேன். தங்கத் தொட்டிலுக்கு வட்டியும் முதலுமாக அன்றைக்குக் கணக்குத் தீர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். யானைக்குட்டியை அக்கா மறந்துவிட்டாள், நானும் ஞாபகப்படுத்தவில்லை.

வரவேற்பில் மெல்லிசைக் குழு. பெயரில்தான் மெல்லிசை. ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு நெஞ்சில் யாரோ உலக்கை போடுவதுபோல் இருந்தது. சீர் செய்த உரிமையில் மேடைக்குப் போய் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தேன். பி.பி.ஸ்ரீநிவாஸ் பாட்டு ஒன்று, 'அவதாரம்' படத்தில் இளையராஜாவும் ஜானகியும் பாடியது ஒன்று. கீபோர்டுக்காரர் படித்தார். கண் கலங்கிவிட்டது. "சார், இதெல்லாம் வாசிச்சு எவ்ளோ நாளாச்சு" என்றார். பல்லவி பாதி வருவதற்குள் சமையல் கான்ட்ராக்டர் கரண்டியோடு ஓடி வந்தார்.

"யாரு சார் ஸ்லோ சாங் கேட்டது?"

"நான்தான்."

"ஆறுநூறு எலை சார். ஒரு பந்திக்கு நூத்தம்பது பேரு. குத்துப்பாட்டுப் போட்டா வாயும் அதே தாளத்துல போவும், இருவது நிமிசத்துல எலை எடுத்துருவேன். நீங்க கேட்ட பாட்டுக்கு அங்க ஒருத்தர் ரசத்துல கைய வெச்சிட்டு மோட்டுவளையப் பாத்துட்டு உக்காந்திருக்காரு. அவரு சேருக்குப் பின்னால நிக்கிறவங்க என்னைத் திட்டுறாங்க."

எட்டிப் பார்த்தேன். உண்மைதான். ஒருவரில்லை, ஏழெட்டுப் பேர் அப்படி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் அப்பளத்தை உடைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

ரொனால்ட் மில்லிமன் என்ற அமெரிக்கர் இதை ஓர் உணவகத்தில் சோதித்துப் பார்த்து 1986-ல் கட்டுரை எழுதியிருக்கிறார். மெதுவான இசை ஒலித்தால் ஆட்கள் எழுந்திருக்க நேரமாகிறது, மதுவும் கூடுதலாக வாங்குகிறார்கள் என்பது அவர் கண்டது. அந்த ஊர்க் கடைக்காரருக்கு அதில் லாபம். நம் கான்ட்ராக்டருக்குக் கூடுதல் ரசம்தான் மிச்சம். இரண்டாவது பாட்டு நிறுத்தப்பட்டது.

மெதுவான சந்தோஷத்துக்கு நம்மிடம் சட்டப்படி அனுமதி உள்ள இடம் ஒன்றே ஒன்றுதான்: கல்யாண ஊஞ்சல். கும்பகோணத்தில் நண்பர் வீட்டுக் கல்யாணத்தில் பார்த்தேன். பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஊஞ்சலில் உட்காரவைத்து, வயதான நாலு அம்மாள்கள் லாலி பாடினார்கள். அவசரமே இல்லை. ஒருத்தி அடியை மறந்தால் இன்னொருத்தி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு எடுத்துக் கொடுத்தாள். சங்கிலிகூடத் தாளத்துக்குக் கிறீச்சிட்டது. மாப்பிள்ளையின் தாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒருவரும் 'யாரு?' என்று கேட்கவில்லை. சாஸ்திரிகள் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகூர்த்தம் நெருங்க நெருங்க அவர் முகத்தில் சமையல் கான்ட்ராக்டரின் சாயல் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் விரலைச் சுழற்றினார், கெட்டிமேளம் இடித்தது, உலகம் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது.

பி.பி.ஸ்ரீநிவாஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சென்னையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்த காலத்தில் அங்கே அவரை அடிக்கடி பார்க்கலாம். தலையில் மைசூர்த் தலைப்பாகை, சட்டைப் பையில் கலர் கலராகப் பேனாக்கள். மேஜையில் காகிதத்தைப் பரப்பி, பல மொழிகளில் கவிதை எழுதிக்கொண்டிருப்பார். சுற்றிலும் தோசைக்கு அவசரப்படுகிற கூட்டம். அந்த ஓட்டல் 2008-ல் மூடப்பட்டது, அந்த இடத்தில் இப்போது செம்மொழிப் பூங்கா. அவர் 2013-ல் காலமானார். அன்றைக்கு டி.வி.யில் நாள் முழுக்க அவர் பாட்டுதான். என் வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான், "யாரு போயிட்டாங்க?" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது.

கணக்கு வாத்தியார் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த ஞாயிறும் வந்தார். "சும்மா" என்றார். அதற்கடுத்த ஞாயிறும் சும்மா. பாட்டு முடிகிறவரை உத்தரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். முடிந்ததும், "மூணு நிமிசம்தான் இருக்கு. ஆனா கணக்கு இடிக்குது, நெறைய நேரம் ஓடுன மாதிரி இருக்கு" என்பார். நாலாவது வாரம் ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்து நீட்டினார். என் ஏழு 'சோக'த்தையும் அதில் ஏற்றிக் கொடுத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை அவருடைய மனைவி வந்தார். உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றார்.

"தம்பி, இவரு பத்து நாளா பால்கனியில உக்காந்து மெதுவா ஏதோ பாடிக்கிட்டே இருக்காரு. சாப்பாடு நல்லாத்தான் சாப்பிடுறாரு. சண்டையே போடல. முப்பத்தெட்டு வருசத்துல இப்படி இருந்ததில்ல. பல்லைக் கழட்டி வெச்சிட்டுப் பாடுறதால என்ன பாட்டுன்னும் தெரியல. எங்கிட்ட எதையோ மறைக்கிறாரு. ஒங்ககிட்ட சொல்லியிருப்பாரு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "யாரு போயிட்டாங்க?"

என் மனைவி காப்பியோடு வந்தாள். அவர் வாங்கவில்லை.

"வேணாம்மா. வீட்லயே குடிச்சிட்டுத்தான் வந்தேன்."