அலகு எழுதாத கணக்கு

முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். விடைக்குப் பக்கத்தில் அலகு எழுதாத பிள்ளைகளுக்கு அரை மார்க் குறைத்தேன். 24 என்று மட்டும் எழுதிவிட்டு எழுந்து நிற்கும் பையனிடம், "என்னடா 24? 24 மைலா, 24 மாடா, 24 பூசணிக்காயா?" என்று கேட்பேன். வகுப்பு சிரிக்கும். எனக்குப் 'பூசணிக்காய் வாத்தியார்' என்று பட்டப்பெயர் இருந்தது ஓய்வு பெற்ற பிறகுதான் தெரியவந்தது. நான் குறைத்த அந்த அரை மார்க்குகள் எல்லாம் எங்கேயோ வட்டியோடு சேர்ந்துகொண்டிருந்திருக்கின்றன. ஒரு நாள் பேட்டரி உருவில் வந்து வசூல் செய்துகொண்டு போயின.

எங்கள் மடிப்பாக்கம் வீட்டில், துணி அலமாரிக்கும் சாமி அலமாரிக்கும் நடுவே ஒரு கம்ப்யூட்டர் இருபத்து நாலு மணி நேரமும் ஓடிக்கொண்டிருந்தது. மகள் காலேஜில் படித்தபோது வாங்கியது. அவள் கல்யாணமாகிப் புனேவுக்குப் போனதும், அதில் நாலு ஹார்ட் டிஸ்க் மாட்டி சர்வர் ஆக்கினேன். ரிட்டயர் ஆனவர்களில் சிலர் கோயில் கமிட்டியில் சேர்வார்கள், சிலர் ஹோமியோபதி படித்து அக்கம்பக்கத்தாரைப் பயமுறுத்துவார்கள். என்னை லினக்ஸ் பிடித்துக்கொண்டது. இருபது வருஷக் குடும்பப் படங்கள், கல்யாண வீடியோ, கேசட்டிலிருந்து மாற்றிய நாதஸ்வரக் கச்சேரிகள், வாசல் கேமரா பதிவு எல்லாம் அதில்தான். போதாக்குறைக்கு, செல்போனில் வரும் விளம்பரங்களைத் தடுக்கும் ஓர் ஏற்பாட்டையும் அதிலேயே வைத்தேன். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. வீட்டிலுள்ள எந்த போனும் எந்தத் தளத்துக்குப் போக வேண்டுமானாலும் இந்தப் பெட்டியிடம் வழி கேட்டுத்தான் போகும். பெட்டி படுத்தால் இன்டர்நெட் இருந்தும் இல்லாத கதைதான். அப்போது என் மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள்: "என்னங்க, உங்க டப்பா செத்துப்போச்சு. வந்து எழுப்புங்க."

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்தபோது இந்த டப்பா கிடையாது. கரண்ட் இல்லாத அந்த நாட்களில் மெழுகுவத்தி ஏற்றி, சீட்டாடி, எட்டு மணிக்குத் தூங்கினோம். சர்வர் வந்த பிறகு மூன்று நொடி விளக்கு சிமிட்டினாலே எனக்கு நெஞ்சு படபடக்கத் தொடங்கியது. காரணம் இருக்கிறது. நம்மில் யாரும் வீட்டை விட்டுக் கிளம்பும்போது "போறேன்" என்று சொல்வதில்லை. "போய்ட்டு வர்றேன்" என்பதுதான் முறை. கம்ப்யூட்டரும் அப்படித்தான். எழுத வேண்டியதை எழுதி, கோப்புகளை மூடிவிட்டு, சொல்லிக்கொண்டு போக வேண்டும். ஓர் ஆடி மாதத்துக் காற்றில், கல்யாண வீடியோவை ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது அது சொல்லாமல் போய்விட்டது. மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்குகிறார், குனிகிறார், அப்புறம் வெறும் பச்சைக் கட்டங்கள். மகளிடம் இன்னொரு பிரதி இருந்ததால் கல்யாணம் செல்லுபடியாயிற்று.

அன்றே போய் ஒரு யூபிஎஸ் வாங்கினேன். பெட்டி மேல் பெரிதாக 600 என்று போட்டிருந்தது. என் சர்வர் 100 வாட் இழுக்கும். 600-ஐ 100-ஆல் வகுத்தால் 6. ஆறு மணி நேரம்! மனதுக்குள்ளேயே வகுத்து, கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பணத்தைக் கொடுத்தேன். அடுத்த மின்வெட்டில் பதினேழாவது நிமிஷம் யூபிஎஸ் கீச்சுக் கீச்சென்று கத்திவிட்டுக் கண்ணை மூடியது.

அதைத் தூக்கிக்கொண்டு பேட்டரி கடைக்குப் போனேன். கடை முதலாளி என் பழைய மாணவன். அலகு விஷயத்தில் என்னிடம் அதிகமாக இழந்தவர்களில் ஒருவன். காபி வரவழைத்தான். நான் கணக்கைச் சொன்னேன்.

"சார், அந்த 600-க்கு அலகு என்ன சார்?"

"விஏ."

"ஆன்சருக்கு?"

"மணி நேரம்."

"மணி எங்கேருந்து சார் வந்துச்சு?"

காபி சூடாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் பொறுமையாக விளக்கினான். விஏ என்பது ஒரே நேரத்தில் எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பதற்கு. எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கு அல்ல. இந்த மாதிரி சின்ன யூபிஎஸ்ஸில் 600 விஏ என்றால் 360 வாட். உள்ளே இருப்பதோ 12 வோல்ட், 7 ஆம்பியர் அவர் பேட்டரி. பெருக்கினால் 84 வாட் அவர். அப்படியானால் 100 வாட்டுக்கு ஐம்பது நிமிஷமாவது வர வேண்டாமா என்று கேட்டேன். ஈய பேட்டரியின் அளவை இருபது மணி நேரத்துக்கு மெதுவாக உறிஞ்சினால் கிடைப்பது என்று வைத்துத்தான் எழுதுவார்களாம். அவசரமாக உறிஞ்சினால் குறைத்துத்தான் கொடுக்கும். இதற்குச் சூத்திரமே உண்டு. பாய்கெர்ட் என்ற ஜெர்மன்காரர் 1897-இல் சொன்னது. வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். அருமையான சூத்திரம், அடுக்கெல்லாம் வருகிறது. பத்தாம் வகுப்பில் மட்டும் இதை வைத்திருந்தால் இந்தப் பையன் பேட்டரி கடை வைத்திருக்கவே மாட்டான்.

கடைசியில் 150 ஆம்பியர் அவர் டியூபுலர் பேட்டரியும் இன்வெர்ட்டரும் வாங்குவது என்று முடிவானது. "லித்தியம் போட்டுருங்க சார். பத்துப் பன்னெண்டு கிலோதான் இருக்கும், தண்ணி ஊத்துற வேலையே இல்ல" என்றான். விலை இரண்டு மடங்குக்கு மேல். ஈய பேட்டரியை பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர் 1859-இல் செய்தார், நூற்றறுபது வருஷத்துக்கு மேலாக உலகம் நம்புகிறது, எனக்கு அது போதும் என்று சரித்திரம் பேசிக் காசை மிச்சம் பிடித்தேன். அந்த ஈயத்தின் எடை ஐம்பது கிலோவுக்கு மேல் என்பதைச் சரித்திரத்தில் சேர்க்க மறந்துவிட்டேன். மாடிப்படிக்குக் கீழே வைத்தோம்.

இந்தமுறை அலகு போட்டுத்தான் கணக்குப் போட்டேன். 150 ஆம்பியர் அவர், 12 வோல்ட். 1800 வாட் அவர். அடிவரைக்கும் வடித்தால் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும், இன்வெர்ட்டரும் வழியில் கொஞ்சம் தின்னும். அதெல்லாம் போகக் கையில் கிடைப்பது 1150 வாட் அவர். அம்மாவின் அறையில் பழைய ஃபேன் 75 வாட், எங்கள் அறையில் 75, இரண்டு எல்இடி விளக்கு 20, ரூட்டர் 12, சும்மா இருப்பதற்கே இன்வெர்ட்டர் கேட்கும் 15, சர்வர் 100. மொத்தம் 297 வாட். நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

இதைப் பார்த்த மனைவி கேட்ட முதல் கேள்வி, "மோட்டார் ஓடுமா?" ஓடாது. ஒரு குதிரைத்திறன் என்றால் 746 வாட், கிளம்பும்போது அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். "மிக்ஸி?" கூடாது. "அப்ப என்னதான் ஓடும்?" ஃபேன், லைட், சர்வர். "உங்க டப்பா அத்தை ஃபேனைவிட ஜாஸ்தி குடிக்குதே" என்றாள். பி.ஏ. தமிழ் படித்தவள். பட்டியலில் என் கண்ணில் படாதது அவள் கண்ணில் பட்டது. அவள் அடுத்துப் போட்ட கணக்கு இன்னும் மோசம். 100 வாட் நாள் முழுக்க ஓடினால் 2.4 யூனிட். இரண்டு மாதத்துக்கு 144 யூனிட். அரசாங்கம் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கொடுக்கிறது. அந்த நூறையும் தின்றுவிட்டு மேலே நாற்பத்து நாலு கேட்கிற ஓர் உறுப்பினர் நம் வீட்டில் ரேஷன் கார்டில் பெயர் இல்லாமல் இருக்கிறார் என்றாள்.

இன்வெர்ட்டர் வந்தும் கரண்ட் போகிற ஒவ்வொரு முறையும் சர்வர் அணைந்து எழுந்தது. மூன்று வாரம் லினக்ஸைத் திட்டினேன். மறுபடி அந்தப் பையன்தான் வந்தான். இன்வெர்ட்டரின் பின்பக்கம் கையை விட்டு ஒரு பொத்தானைத் தள்ளினான். அது ஃபேன், லைட்டுக்கான பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கம் இருந்தால் பேட்டரிக்கு மாறக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும். ஃபேன் அதைக் கண்டுகொள்ளாது, கம்ப்யூட்டர் மயங்கி விழும். யூபிஎஸ் பக்கம் தள்ளினால் பத்து மில்லி செகண்டுபோல் ஆகும், அவ்வளவுதான். பொத்தான் எந்தப் பக்கம் என்று அட்டைப் பெட்டிக்குள் இருந்த புத்தகத்தில் படம் போட்டே காட்டியிருந்தார்கள். அந்தப் புத்தகத்தை நான் ஆடும் நாற்காலியின் காலுக்குக் கீழே வைத்திருந்தேன்.

எதிர்வீட்டுக்காரர் மொட்டை மாடியில் சோலார் பலகை போட்டிருந்தார். எனக்குப் பொறாமை. "உங்களுக்கென்ன சார், கரண்ட் போனாலும் கவலையில்லை" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வேன். அவரும் புன்னகைப்பார்.

பிறகு 2023 டிசம்பர் வந்தது, மிக்ஜாம் புயலும் வந்தது. புயல் கரையேறியது என்னவோ 5-ஆம் தேதி, ஆந்திராவில் பாபட்லா பக்கத்தில். மழையை மட்டும் அதற்கு முன்பே நம்மிடம் இறக்கிவிட்டுப் போய்விட்டது. 4-ஆம் தேதி விடிகாலை நாலு மணிக்குக் கரண்ட் நின்றது. தெரு முழங்கால் ஆழம். அவ்வளவு தண்ணீரில் கரண்ட் விடாமல் இருந்ததே புண்ணியம். என் சர்வர் சிமிட்டாமல் ஓடியது. படுக்கையில் கிடந்தபடி அதன் விசிறிச் சத்தத்தைக் கேட்டு, பாஸான பிள்ளையின் அப்பன்போல் பூரித்துப்போனேன்.

ஆறு மணிக்கு எழுந்து பார்த்தால் ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்குகிறது. அதன் கீழே மூன்று இங்கிலீஷ் எழுத்து, சிக்னல் வரவில்லை என்பதன் சுருக்கம். எங்கள் வீட்டில் அதை 'லாஸ்' என்றே படிப்போம், அர்த்தமும் அதுதான். கேபிள் வருகிற வழியில் எங்கோ எல்லாம் தண்ணீருக்குள். செல்போனுக்கும் சிக்னல் இல்லை; மொட்டை மாடித் தொட்டி மேல் ஏறினால் ஒரு கோடு தெரியும். ஆக, உலகத்தில் யாராலும் வர முடியாத ஒரு சர்வரை நான் இரண்டு மணி நேரமாகக் கட்டிக் காத்துக்கொண்டிருந்தேன். வாசல் கேமரா மட்டும் இருட்டில் தண்ணீரைப் படம் பிடித்து விசுவாசமாக அதில் சேமித்துக்கொண்டிருந்தது.

ஏழு மணிக்குத் தண்ணீர் முதல் படி ஏறியது. அப்போதுதான் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பேட்டரி ஞாபகம் வந்தது. நானும் மாடியில் குடியிருக்கும் தம்பியும் எதிர்வீட்டுக்காரரின் மகனும் சேர்ந்து அதைத் தூக்கினோம். லித்தியமாக இருந்திருந்தால் ஒரு கையில் எடுத்திருக்கலாம் என்று நான் சொல்லவில்லை, மனைவி சொன்னாள். அம்மாவுக்குச் சீராக வந்த தேக்கு பெஞ்சின் மேல் வைத்தோம். ஆசிட் கறை இன்னும் இருக்கிறது. எண்பத்திரண்டு வயதில் அம்மா என்னைத் "தறுதலை" என்று சொன்னது அன்றைக்குத்தான்.

பேட்டரியை மறுபடி மாட்டிப் பத்து நிமிஷம் ஆகவில்லை, இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. அம்மா ஃபேன் நின்றது. "இப்ப எதெல்லாம் ஓடிட்டிருந்துச்சு?" என்று மனைவி கேட்டாள். நான் சாமி அலமாரியைப் பார்த்தேன். அவள் அதற்குப் பக்கத்தில் பார்த்தாள்.

ஈய பேட்டரியில் ஒரு நல்ல குணம்: கொஞ்ச நேரம் சும்மா விட்டால் மிச்சம் மீதியைத் திரட்டிக் கொடுக்கும். அந்த மிச்சத்தில் தெருக்காரர்களின் போன்களுக்குச் சார்ஜ் ஏற்றினோம். ஒரு போனுக்குச் சுமார் 15 வாட் அவர். மனைவி சுவரில் மாட்டிய நாள்காட்டியின் பின்பக்கத்தில் எழுதினாள்: டப்பா ஒரு மணி நேரம் ஓடினால் ஆறு போன். நாலு மணி நேரம் ஓடியிருக்கிறது. நாலாறு இருபத்து நாலு போன். அலகு போட்டே எழுதினாள்.

6-ஆம் தேதி வெயில் அடித்தது. சோலார் பலகை பளபளவென்று மின்னியது. எதிர்வீடு மட்டும் இருட்டு. ஏன் என்று கேட்டேன். அது லைனோடு சேர்ந்து ஓடுகிற வகையாம். லைனில் கரண்ட் இல்லையென்றால் தானும் நின்றுவிடும், நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவர் உயிருக்கு ஆபத்து. "இவ்வளவு நாளா சொல்லவே இல்லையே சார்?" என்றேன். "நீங்க பொறாமைப்படறது நல்லா இருந்துச்சு சார்" என்றார்.

அன்று மாலை தெருவில் எல்லாரும் பணம் போட்டு ஒரு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தோம். வீட்டுக்கு அரை மணி, மோட்டாருக்கு மட்டும். எங்கள் முறை வந்தபோது நான் சர்வரின் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு தற்செயலாக அந்தப் பக்கம் போனேன். "அந்த வயரைக் கீழ போடுங்க" என்று மொட்டை மாடியிலிருந்து குரல் வந்தது. ராத்திரி ஒன்பதரைக்குக் கரண்ட் வந்தது. ஃபைபருக்கு இன்னும் மூன்று நாள் ஆயிற்று.

இப்போது அந்தப் பெட்டி இல்லை. புத்தகம் அளவில் ஒரு சின்ன கம்ப்யூட்டர், 12 வாட். நாலு டிஸ்க்கில் இருந்ததெல்லாம் இரண்டில் அடங்கிவிட்டது. பாதிக்கு மேல் வாசல் தண்ணீரும் தெருநாய்களும்தான் இருந்தன. ரூட்டருக்குத் தனியாகக் கையளவு ஒரு யூபிஎஸ். சர்வருக்கு, தகவல் சொல்லும் வயரோடு வருகிற புது யூபிஎஸ் ஒன்று. கரண்ட் போய்ப் பத்து நிமிஷம் ஆனால் அது சர்வரிடம் சொல்லும், சர்வர் எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டுப் போய்ட்டு வர்றேன் என்று தானே படுத்துக்கொள்ளும். ஆறு மணி நேரத்தில் ஆரம்பித்தவன் பத்து நிமிஷத்தில் வந்து நிற்கிறேன். மீதி பேட்டரி முழுவதும் அம்மா ஃபேனுக்கு.

பழைய யூபிஎஸ்ஸை மாணவன் கடையில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்தேன். எடை போட்டுப் பார்த்து பில் எழுதிக் கொடுத்தான். கழிவு என்ற இடத்துக்கு எதிரே 300 என்று மட்டும் எழுதியிருந்தது. பக்கத்தில் ரூபாய் என்று போடவில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.