கிடாரின் முதுகில் ஒட்டிய ஊர்: ஓர் உரிப்பாய்வு

இந்நூல் நுதலிய பொருள் யாதோ எனின், புதிதாக வாங்கிய கிடாரின் கீ திருகும் தலைக்குப் பின்புறம் 'மேட் இன் சைனா' என்றோ 'மேட் இன் இந்தோனேசியா' என்றோ ஒட்டியிருக்கும் விரல்நகமளவுச் சீட்டை உரிக்கலாமா, கூடாதா என்பது. இதை ஆராயத் தக்க களம் ஈரோடு. திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும் ஜவுளிச் சந்தையில், துணியில் ஒட்டிய சீட்டைக் கண்ணால் படித்துவிட்டு, உண்மையை விரலால் தடவித் தெரிந்துகொள்ளும் மக்கள் வாழும் ஊர் இது. சீட்டு சாத்திரத்தில் இவர்களை மிஞ்ச ஆளில்லை.

ஆசிரியர் இருதிறத்தார். முதல்வர் உரிகலையார். மேடையில் கிடாரைத் திருப்பிப் பிடித்தால் சீனா தெரிகிறது, கச்சேரியின் மானம் போகிறது என்பது இவர் கட்சி. மற்றவர் ஒட்டுகலையார். இவர்கள் நீண்ட வாதம் செய்வதில்லை. "அதுபாட்டுக்கு இருந்துட்டுப் போகுதுங்க, சோறா கேக்குது?" என்பதோடு முடித்துக்கொள்வார்கள். யானைக்கு எந்த நாமம் என்று வழக்காடிய நாட்டில் இந்தப் பூசல் இன்னும் நீதிமன்றம் ஏறாதது வியப்பே.

பூசலைத் தீர்க்க வைணவப் பெரியோர் விட்டுச் சென்ற கருவி ஒன்று உண்டு. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கொள்ளும். சீட்டுகளும் அவ்வாறே. மேற்பூச்சுக்கு மேலே பசையால் தொங்குவது மர்க்கடச் சீட்டு. கம்பெனிப் பெயரையும் ஊரையும் எழுத்தாக முதலில் பதித்து, அதன்மேல் வார்னிஷ் அடித்து மூடியது மார்ஜாரச் சீட்டு; அதைக் கிடாரே கவ்விக்கொண்டிருக்கிறது. உரிகலையாரின் நகம் முன்னதிடம் மட்டுமே செல்லும். பின்னதை எடுக்க உப்புக்காகிதம் வேண்டும், உப்புக்காகிதம் எடுத்தவன் கையில் மானமும் மிஞ்சாது, மரத்தின் பளபளப்பும் மிஞ்சாது. மூன்றாவது வகை, நடு ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தால் தெரியும் உட்சீட்டு. கம்பிகளைக் கழற்றாமல் கையை உள்ளே விட முடியாது என்பதால், பெரும்பாலான கிடார்களில் அது சோம்பலின் அருளால் நிலைத்திருக்கிறது.

உரிக்கும் முறையில் கொங்குச் சமையலறை தரும் பிரமாணம் ஒன்றை இங்கே மறுத்தாக வேண்டும். எவர்சில்வர் குண்டாவின் சீட்டை அடுப்பில் லேசாகக் காட்டி உரிப்பது வழக்கம். உரித்த கையோடு 'இன்னார் கல்யாணத்துக்கு இன்னார்' என்று பெயர் வெட்டிவிடுவார்கள். ஆக, செய்த ஊர் போய்க் கொடுத்த சித்தப்பா வந்துவிடுவார். கிடாரை அடுப்பில் காட்டலாகாது. தலைமுடி உலர்த்தும் கருவியின் இளஞ்சூடு போதும். மிச்சப் பசைக்கு இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய். நெயில் பாலிஷ் ரிமூவர் மட்டும் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள அசிட்டோன் பசையோடு பூச்சையும் சேர்த்துத் தின்றுவிடும். நைட்ரோசெல்லுலோஸ் பூச்சுள்ள பழைய கிடாரில் இன்னொரு வில்லங்கம் உண்டு. காலப்போக்கில் மரம் முழுக்க மஞ்சளிக்க, சீட்டு மறைத்த இடம் மட்டும் வெளிறி நிற்கும். உரித்த பின்னும் சீட்டின் ஆவி அங்கேயே குடியிருக்கும்.

இனி வரலாறு. ஊர்ச்சீட்டு மானக்கேட்டுக்காகவே பிறந்தது. ஜெர்மன் சரக்கு உள்ளூர்ச் சரக்கு போல விற்பதைத் தடுக்க, 1887-இல் பிரிட்டன் வணிகக் குறிச் சட்டம் இயற்றியது. 'மேட் இன் ஜெர்மனி' என்று படித்தால் வாங்குவோர் முகம் சுளிப்பர் என்பது கணக்கு. சில பத்தாண்டுகளில் அதே சொற்றொடரைத் தேடி வாங்கினார்கள். 1890-இல் அமெரிக்காவின் மெக்கின்லி சுங்கச் சட்டமும் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்றது. விளைவு, வயலினின் வயிற்றுக்குள் ஒரு நகைச்சுவை. சாக்சனித் தொழிலகங்களில் ஆயிரக்கணக்கில் செய்த வயலின்களில், 1737-இல் இறந்துபோன கிரெமோனா மேதை ஸ்ட்ராடிவாரி தாமே செய்தது என்று லத்தீனில் ஒரு சீட்டு. கூடவே 'மேட் இன் ஜெர்மனி'. பொய்யும் மெய்யும் ஒரே பசையில்! நம் வீட்டுப் பரணில் கிடக்கும் வயலினுக்குள் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்க்கலாம்.

கிடாருக்கும் இதே ஊழ்தான். ஃபெண்டர் கம்பெனி 1982-இல் ஜப்பானில் ஸ்குவையர் என்ற பெயரில் மலிவு கிடார்கள் செய்யத் தொடங்கியது. அந்த முதல் வரிசையைச் சேகரிப்பாளர்கள் இன்று தேடி அலைகிறார்கள். ஜப்பான் என்ற சொல்லை அன்று சுரண்டியவன் இன்று விலையையும் சேர்த்துச் சுரண்டியவனாகிறான். சீனத்துக்கும் ஒரு காலம் வராது என்று எவர் சொல்வார்?

ஒட்டுகலையாரின் வலுவான சாட்சி ஈரோட்டிலிருந்து சற்றுத் தொலைவில், பவானியில் இருக்கிறது. ஜமக்காளம் கைத்தறிக்கே உரியது என்று 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் வகுத்தது. 2005-06-இல் பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இருந்தும் விசைத்தறி விரிப்பு அந்தப் பெயரில் விற்கிறது என்று குழித்தறியில் கால் வைத்து உட்கார்ந்திருக்கும் நெசவாளர் புலம்புகிறார். ஈரோட்டு மஞ்சளுக்கு அதே குறியீடு 2019-இல்தான் வந்தது. இசைக்கருவிகளிலும் தஞ்சாவூர் வீணை 2013-இலும், நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம் 2022-இலும் பெற்றன. ஊர்ப் பெயரை ஒட்ட ஒரு மாவட்டமே மனுப் போட்டுக் காத்திருக்க, ஒட்டி வந்த ஊரை ஒருவர் நகத்தால் கெல்லுவது என்ன நியாயம் என்பது ஒட்டுகலையார் வினா.

உரிகலையார் இதற்கு விடை சொல்லாமல் திருப்பூரைக் காட்டுவர். அங்கே கழுத்தில் 'மேட் இன் இந்தியா' தைத்துக் கப்பலேறும் பனியனை ஐரோப்பாவில் போட்டுக்கொள்பவர் முதலில் செய்வது, அரிக்கிறது என்று அந்தச் சீட்டைக் கத்தரிப்பதுதான். அவருக்கு நம்மேல் பகையில்லை, கழுத்து அரிக்கிறது, அவ்வளவே. இது நேர்மையான வாதம். எனவே உடலை உறுத்தும் சீட்டை நீக்கலாம் என்று இவ்வாய்வு ஒப்புகிறது. கிடாரின் தலைப் பின்புறம் வாசிப்பவரின் உடலில் எங்கும் படுவதில்லை என்பதை உரிகலையார் கவனிக்க.

சட்டத்தையும் ஒரு வரி பார்க்கலாம். பொட்டலப் பொருட்கள் விதிகள் இறக்குமதிப் பெட்டியில் நாட்டின் பெயரைக் கேட்பது விற்பவரிடம்தான். வாங்கியவர் உரித்துத் தன்வசம் வைத்துக்கொண்டால் எந்த அதிகாரியும் கதவைத் தட்டமாட்டார். ஆனால் உரித்துவிட்டு, "அமெரிக்காக் கிடாருங்க" என்று இரண்டாம் கையாக விற்றால் அது வேறு அத்தியாயம், அதன் உரையாசிரியர் காவல் நிலையத்தில் இருப்பார்.

ஆகவே முடிபு: ஊர்ச்சீட்டு இருக்கட்டும், வரிசை எண் கண்டிப்பாக இருக்கட்டும். விலைச்சீட்டைப் பற்றி இரு கலையாருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. அதை வண்டி வீட்டு வாசலுக்குத் திரும்புமுன்பே, முழுதாக, பசைத் தடம் இல்லாமல் உரித்துவிட வேண்டும்.